கார்த்தஹேனாவுக்கு ஐந்து நாள்

என் கணவர் குகதாசன் தன் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் விமானம் ஏறியிருந்தார். அதுவும் எண்பத்தைந்தாம் ஆண்டில், யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்குக் களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் சொல்லிக் கொடுத்தபடி, வேறு யாரோ ஒருவருடைய பெயரில். ஆகவே கார்த்தஹேனாவுக்கு ஐந்து நாள் போய் வர அவர் திட்டம் போட்ட விதத்தைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

"மூண்டு பேரும் ஒண்டாய் இருக்கக் கூடாது," என்றார். "ஆளுக்கொரு பக்கம் ஸீற் எடுப்பம். ஆரும் கேட்டால் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது."

"இஞ்சேருங்கோ, நாங்கள் இப்ப பிரிட்டிஷ்காரர். பாஸ்போர்ட் எங்கடை சொந்தப் பேரிலை இருக்கு. பெண்சாதியைத் தெரியாது எண்டு ஏன் சொல்லவேணும்?"

"அது உமக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இமிக்ரேஷன்காரனுக்குத் தெரியுமோ?"

கிங்ஸ்பரி வீட்டின் சமையலறை மேசையில் தென்னமெரிக்க வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். நான்கு மூலைக்கும் நான்கு பால்மா டின். வடக்குக் கரையில், கரிபியன் கடலோரத்தில், ஒரு சிவப்புப் புள்ளி, கார்த்தஹேனா. அந்தப் புள்ளியை நான் நேராகப் பார்ப்பதில்லை. அதன் மேல் தேநீர்க் கோப்பையை வைப்பேன். அவர் எடுத்து அப்பால் வைப்பார்.

என் ஒரே தம்பி அம்பலவாணன் கடைசியாகப் பேசியது அந்த ஊரிலிருந்துதான். எண்பத்தொன்பதில் ஏஜென்சிக்காரன் அவனை லண்டனுக்கு அனுப்புகிறேன் என்று கூட்டிக்கொண்டு போய், உலகத்தையே சுற்ற வைத்து, அங்கே ஒரு அறையில் விட்டிருந்தான். தம்பி இரண்டு தடவை எனக்கு டெலிபோன் எடுத்தான். பழைய காலத்துக் கோட்டை மதில் ஊரைச் சுற்றி நிற்கிறது, மஞ்சள் நிறத்தில் ஒரு மணிக்கூட்டுக் கோபுரம் தெரிகிறது, தெருவில் குதிரை வண்டி ஓடுகிறது என்றெல்லாம் சந்தோஷமாகச் சொன்னான். மதிலுக்குக் கீழே மீன் பொரிக்கிற ஒரு மனுசி தேங்காய்ப்பால் சோறு தருகிறாளாம். "எங்கடை பால்சோறு மாதிரித்தான் அக்கா," என்றான். "ஞாயிற்றுக்கிழமை படகிலை ஏத்துறாங்களாம். பிறகு எடுக்கிறன்."

பிறகு எடுக்கவில்லை. ஏஜென்சிக்காரன் முதலில் படகு போய்விட்டது என்றான், பிறகு போகவில்லை என்றான், அதன் பிறகு அவனுடைய டெலிபோனே வேலை செய்யவில்லை.

எங்களோடு வர இருந்த மூன்றாவது ஆள் தவமலர், அம்பலவாணனின் மனைவி. அவன் புறப்படும்போது அவர்களுக்குக் கலியாணமாகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை. தொண்ணூற்றொன்றில் அவளும் இன்னொரு ஏஜென்சிக்காரனைப் பிடித்து, மாஸ்கோ வழியாகக் குளிரில் விறைத்து, எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தாள். அன்று முதல் எங்கள் சின்ன அறையில் இருக்கிறாள். முதியோர் இல்லம் ஒன்றில் துணி தோய்க்கும் பகுதியில் வேலை. அதிகம் பேசமாட்டாள். நான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிக்கொள்வேன்.

இந்த ஒன்பது வருஷமும் நான் ஒரே ஒரு வேலையைத்தான் ஒழுங்காகச் செய்தேன். என் தம்பியைச் சாகவிடாமல் வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல், தவமலர் வந்த பிறகு அவளையும் இழுத்துக்கொண்டு, ரயில் மாறி மாறி விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போய் அவன் பெயரில் அர்ச்சனை செய்வேன். அர்ச்சனை உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் செய்வது. செத்தவர்களுக்கென்றால் திதி இருக்கிறது, மோட்ச விளக்கு இருக்கிறது. ஐயர் என்னிடம் கேட்பதே இல்லை. என் முகத்தைக் கண்டதும் "அம்பலவாணன், அனுஷ நட்சத்திரம்" என்று தொடங்கிவிடுவார். அதைக் கேட்டால்தான் எனக்கு அடுத்த வெள்ளி வரைக்கும் மூச்சு விட முடியும்.

சனங்கள் சும்மா இருப்பார்களா? தவமலரின் நெற்றிப் பொட்டையும் கழுத்துத் தாலிக்கொடியையும் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டு, "எவ்வளவு காலத்துக்கு?" என்று கேட்பார்கள். "உங்கடை வீட்டு அலுவலைப் பாருங்கோ," என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லிவிட்டு வருவேன். கோயிலில் எனக்கு வாய்க்காரி என்று பெயர்.

இந்த ஆண்டு, தொண்ணூற்றெட்டு சித்திரையில், தவமலருக்கும் பாஸ்போர்ட் வந்தது. கொண்டு வந்து மேசையில் வைத்தாள்.

"மச்சாள், நான் ஒருக்கா அங்கை போகவேணும்."

எங்கே என்று நான் கேட்கவில்லை. அங்கே ஆளைக் கடத்துகிறார்களாம் என்றேன். புயல் காலம் என்றேன். எனக்கு லீவு கிடையாது என்றேன். ஒவ்வொன்றுக்கும் அவள் "ஓம் மச்சாள்" என்றாள். ஆனால் பாஸ்போர்ட்டை மேசையிலிருந்து எடுக்கவில்லை. கடைசியில் ஒரு சிவப்பு விளக்கில்கூடக் காரைப் பதறாமல் நிறுத்தத் தெரியாத என் கணவர்தான், "போவம் பிள்ளை. நானும் வாறன்," என்றார். எனக்கு வந்த கோபத்தில் அன்று அவருக்குப் புட்டுக்குக் கறி வைக்கவில்லை.

இவர்களுக்கு இது ஏன் விளங்கவில்லை? போகாமல் இருக்கும் வரைக்கும் அவன் அங்கே இருக்கிறான். மஞ்சள் கோபுரத்துக்குக் கீழே நிற்கிறான், தேங்காய்ப்பால் சோறு சாப்பிடுகிறான். நாங்கள் போய்த் தேடி, அவன் இல்லையென்று ஆனால்? திரும்பி வந்து நான் ஐயரிடம் என்ன சொல்வது?

டிக்கெட் எடுத்தாயிற்று. ஹீத்ரோவிலிருந்து மட்ரிட், அங்கிருந்து பொகோட்டா, பிறகு ஒரு சின்ன விமானம். வழியில் எத்தனை இமிக்ரேஷன் வரும் என்று எண்ணி எண்ணியே என் கணவருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. கோட்டின் உட்பக்கம் பாஸ்போர்ட்டுக்கு ஒரு பை தைத்தார். உடுப்புகளில் இருந்த யாழ்ப்பாணத் தையல்காரரின் பெயர்த்துண்டுகளை வெட்டி எறிந்தார். ஹோட்டலின் பெயரை எங்களையும் பாடமாக்க வைத்தார். இதெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லியும் கேட்கவில்லை. பயணம் என்றால் அவருக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

தவமலரோடு வேலை செய்யும் மார்த்தா அந்த நாட்டுக்காரி. அவள் எங்களுக்குத் தங்கள் பாஷையில் ஒரு வசனம் சொல்லிக் கொடுத்திருந்தாள். இந்த ஆளைக் கண்டீர்களா? படத்தை நீட்டி அப்படிக் கேட்க வேண்டும். என் கணவர் அதைத் தமிழில் எழுதிக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டி, முகம் வழிக்கும்போது "ஆ விஸ்தோ ஆ எஸ்தே ஓம்ப்ரே" என்று தேவாரம் மாதிரிப் பாடினார். எனக்கும் பாடமாகிவிட்டது. ஒரு நாள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கும்போதுதான் யோசித்தேன். கேட்கப் படித்தோம், சரி. அவர்கள் பதில் சொன்னால் எங்களுக்கு எப்படி விளங்கும்?

"தவம், கண்டனான் எண்டதை அவை எப்பிடிச் சொல்லுவினம்? மார்த்தாவைக் கேட்டனியே?"

"கேட்டனான். 'சி' எண்டால் ஓம்."

"வேறை?"

அவள் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள்.

"'முவெர்த்தோ' எண்டால் செத்துப்போனார். அதையும் கேட்டு வைச்சனான், மச்சாள். அவை சொல்லேக்கை விளங்காமல் சிரிச்சுக்கொண்டு நிக்கக் கூடாது."

நான் கத்தியைப் போட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். கண்ணாடியில் அந்த வசனம் ஒட்டியிருந்தது. கிழித்துத் தண்ணீரில் விட்டேன். மறுநாள் என் கணவர் புதிதாக எழுதி ஒட்டினார். என்னை ஒன்றும் கேட்கவில்லை.

பயணத்துக்கு முந்திய நாள் மாலை, பெட்டிகளை மூடும் நேரத்தில், அவர் தொண்டையைச் செருமினார்.

"பிள்ளை, ஒரு விஷயம். பொட்டு வேண்டாம். கழுத்திலை உள்ள கொடியையும் கழட்டி வீட்டிலை வைச்சிட்டு வாரும். எங்கடை ஆக்கள் எண்டு தூரத்திலையே காட்டிக் குடுக்கிறது அதுதான். கள்ளரும் கண்டால் பறிப்பாங்கள்."

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. "உங்களுக்கு விசரோ? புருஷனைத் தேடிப் போறவளைத் தாலியைக் கழட்டச் சொல்லுறியள்! வாயிலை நல்லது வராதோ? அவன் உயிரோடை இருக்கிறான், இருக்கிறான், இருக்கிறான்!"

அவருக்கு அப்போதுதான் தான் சொன்னது புரிந்தது. "ஐயோ, நான் அந்த யோசனையிலை சொல்லேல்லை. நான் வரேக்கை ஏஜென்சிக்காரன் எல்லாப் பொம்பிளையளுக்கும் இதைத்தான் சொன்னவன்..." என்று குழறினார்.

தவமலர் இரண்டு பேரையும் பார்த்தாள். "சண்டை பிடியாதையுங்கோ. அண்ணை சொன்னதிலை பிழையில்லை. மாஸ்கோவுக்கு ஏறேக்கையும் கழட்டித்தான் பாவாடை மடிப்பிலை தைச்சனான்," என்று சொல்லிவிட்டு அறைக்குப் போனாள்.

காலையில் கீழே வந்தாள். நீலச் சட்டை, கம்பளிச் சால்வை. நெற்றியில் பொட்டு இல்லை. அந்த நெற்றியை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"கொடி எங்கை? பாவாடையிலை தைச்சனியோ?"

"இல்லை, மச்சாள். சாமித்தட்டிலை, பிள்ளையாருக்கு முன்னாலை வைச்சிட்டன்."

"ஏனடி?"

அவள் எனக்குப் பக்கத்தில் வந்து அதே படியில் ஒடுங்கி உட்கார்ந்தாள். "அவர் வந்தால் அவரே எடுத்துத் திரும்பக் கட்டட்டும். வராட்டி..." சால்வை நுனியை விரலில் சுற்றினாள். "உங்கடை சின்னம்மாவுக்கு, புருஷன் செத்த அண்டைக்குத் தாலி கழட்டேக்கை நான் பக்கத்திலை நிண்டனான். அவவைப் பிடிச்சு இருத்தி, சுத்தி நிண்டு... எனக்கும் இஞ்சை அப்பிடித்தான் எல்லாரும் வருவினம். கழட்டுறதுக்கு உங்களைத்தான் கூப்பிடுவினம். உங்களாலை அது ஏலாது, மச்சாள். அதுதான் நானே கழட்டிட்டன்."

ஏழு வருஷமாக இவளைக் கையைப் பிடித்துக் கோயிலுக்கு இழுத்துப் போனது நான் என்றுதான் நினைத்திருந்தேன். இவள் எனக்காக வந்திருக்கிறாள். அவளுடைய வெறும் கழுத்தைச் சால்வையால் நன்றாக மூடிவிட்டேன். என் விரல்கள் அவள் தோலில் படும்போது நெருப்பில் பட்டது மாதிரி இருந்தது.

வெளியே ஹோர்ன் கேட்டது. மினிகேப் ஓட்டும் அருள்நேசன், எங்கள் ஊர்ப் பக்கத்துப் பையன். பெட்டிகளைத் தூக்கிப் பின்னால் வைத்தான். என் கணவர் சாமித்தட்டுக்கு முன்னால் போய் நின்றுவிட்டு வந்து கதவைப் பூட்டினார். கண்கள் சிவந்திருந்தன. முன் ஸீற்றில் ஏறியவர் எங்களைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"எயார்போர்ட்டிலை ஸீற்றை மாத்தித் தரச் சொல்லிக் கேக்கிறன். மூண்டு பேரும் ஒண்டாய் இருப்பம்."

"அப்ப இமிக்ரேஷன்காரன்?" என்றேன்.

"கேட்டால் கேக்கட்டும். என்ரை குடும்பம் எண்டு சொல்லுறன்."

கார் கிங்ஸ்பரி வீதியில் திரும்பியது. தெரிந்த கடைகள், தெரிந்த பஸ் தரிப்பு, மழையில் நனைந்துகொண்டு பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். இறங்கி வீட்டுக்கு ஓடிவிடலாமா என்று எனக்கு இருந்தது. இன்னும் அவன் உயிரோடுதான் இருக்கிறான், இன்னும் நாங்கள் போய்ச் சேரவில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அருள்நேசன் கண்ணாடியில் எங்களைப் பார்த்தான். "புறப்படேக்கை எங்கை எண்டு கேக்கக் கூடாது, கேக்கேல்லை அக்கா. ஆனால் வாறதை மட்டும் சொல்லுங்கோ. நான்தான் வந்து ஏத்துவன். புதன்கிழமைதானே?"

"ஓம், புதன்," என்றார் என் கணவர்.

"எத்தினை பேர்? மூண்டு பேர் எண்டால் இதே கார் காணும். பெரிய வான் வண்டியும் ஒண்டு கிடக்கு, ஆனால் அதை இப்பவே சொல்லி வைக்கவேணும்."

சாதாரணக் கேள்வி. பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. மழைத்துடைப்பான் கிறீச் கிறீச் என்று ஆடியது. என் கணவர் டிக்கெட்டுகளை எடுத்து எண்ணத் தொடங்கினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மூன்று என்று சொன்னால் அவனை நானே கொன்றது போலாகிவிடும். நான்கு என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அத்தனை வெள்ளிக்கிழமைக்கும் பிறகு, அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

சால்வையைக் கழுத்தோடு இழுத்துப் பிடித்துக்கொண்டு தவமலர் முன்னால் குனிந்தாள்.

"பெரிசையே கொண்டு வாங்கோ, தம்பி," என்றாள். "வரேக்கை நாலு பேர்."