மஞ்சள் பூசிய சந்து

அந்தச் சந்தில் இருபத்தாறு வீடு. இருபத்தாறிலும் முன்னறையில் ஏதாவது ஒரு மெஷின். ஒன்றில் இரும்பு கடையும் லேத், அடுத்ததில் தகடு அழுத்தும் பிரஸ், அதற்கடுத்ததில் வெல்டிங். மாமியாரின் கட்டிலுக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் நடுவே ஒரு துணித் திரை, அவ்வளவுதான். ஆனால் எந்த வாசலிலும் போர்டு கிடையாது, எவரிடமும் லைசென்ஸ் கிடையாது. எல்லாம் வீட்டு மீட்டரில் ஓடியது. சோதனைக்கு ஆள் வந்தால் சந்து மொத்தமும் வாயை மூடிக்கொள்ளும்.

மூட வைப்பவள் ரேடியோக்கா. சந்து முனையில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பாள். சொந்தப் பெயரைக் கேட்டால் அவளே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வாள். மின்வாரிய வண்டியோ மாநகராட்சி ஜீப்போ தலை காட்டினால் ரேடியோவை முழுச் சத்தத்துக்குத் திருகிவிடுவாள். முதல் வீடு அதைக் கேட்டு அடுத்த வீட்டுச் சுவரைத் தட்டும், அது அடுத்ததைத் தட்டும், ஒரே நிமிஷத்தில் கடைசி வீடு வரை மெஷின்கள் நிற்கும். கொடியில் துணி ஏறும். கிரீஸ் கையோடு ஆண்கள் ஆளுக்கொரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பார்கள், என்னமோ பிறந்ததிலிருந்து பிள்ளை வளர்ப்பதே வேலை மாதிரி. இருபது வருஷத்தில் ஒருத்தர்கூட மாட்டியதில்லை. அந்தத் திமிர் ரேடியோக்காவுக்கு உண்டு. இருக்காதா பின்னே?

கடைசி வீடு அவள் தம்பியுடையது. லேத் தம்பி என்றால்தான் தெரியும். அவன் மனைவி மாடிப்படியில் உருண்டு விழுந்து ஆறு வருஷம் ஆகிறது, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். ஒரு தடவை வந்து, எலும்பு தெரியும் வரை போய், அவள் பிழைத்ததே பெரும்பாடு. லேத்துக்கும் கட்டிலுக்கும் எட்டடி தூரம். லேத் சத்தம் நின்றால் அவன் வருகிறான் என்று அவளுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் தட்டுவதும் அவள் தலைமாட்டுச் சுவரில்தான். அது கேட்டதும் அவள் எவர்சில்வர் தட்டில் கரண்டியால் ஓங்கி அடிப்பாள். அந்த இரைச்சலில் தம்பியின் காதில் விழுவது அது ஒன்றுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் ஜீப்பும் இல்லாமல் வண்டியும் இல்லாமல், அட்டையும் பென்சிலுமாக ஓர் இளைஞர் வெயிலில் நடந்து வந்தார். ரேடியோக்கா யோசிக்கவே இல்லை, ரேடியோவைத் திருகிவிட்டாள். அவர் சந்தை எட்டிப் பார்த்தார்.

"அம்மா, இங்க பட்டறை ஏதாவது இருக்குங்களா?"

"இங்க ஒரு பட்டறையும் இல்லீங்க. எல்லாம் குடும்பந்தான்."

சந்துக்கே அவள் சொல்லிக்கொடுத்திருந்த வாக்கியம் அது. மூன்று வயதுப் பிள்ளைகூடத் தூக்கத்தில் சொல்லும். அவர் எழுதிக்கொண்டார், தண்ணீர் வாங்கிக் குடித்தார், நன்றி சொல்லிவிட்டுப் போனார். எவ்வளவு சுலபமாக ஏமாந்தான் பார் என்று அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

அந்த ஆள் வந்தது பிடிக்க அல்ல. ஊருக்குப் புது வரைபடம் போடுகிறார்கள், எந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று எழுதிப் போக வந்தவர். வரைபடம் நகரமைப்பு அலுவலகச் சுவரில் ஏறியபோது அவர்கள் சந்து முழுக்க மஞ்சள். மஞ்சள் என்றால் வீடு மட்டும். அடுத்த தெரு இருக்கிறதே, ஒளிவுமறைவில்லாமல் நடுரோட்டில் லாரியைப் பிரித்துப்போட்டு எல்லோரிடமும் திட்டு வாங்கும் தெரு, அதற்குக் கோடு போட்டிருந்தார்கள். கோடு போட்ட இடத்தில் வீடும் பட்டறையும் சேர்ந்தே இருக்கலாமாம். மஞ்சள் சந்தில் மெஷின் இருந்தால் ஆறு மாதத்தில் ஊருக்கு வெளியே தொழிற்பேட்டைக்குப் போய்விட வேண்டும். இரண்டு பஸ், ஒன்றே முக்கால் மணி நேரம்.

தம்பி அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

"அஞ்சரைக்கு பஸ் ஏறினா திரும்ப ராத்திரி எட்டு ஆயிடும்க்கா. நடுவுல ஏழு தடவ புரட்டணும். நீ புரட்டுவியா?"

அவளுக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகியிருந்தது, தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலே சுருக்கென்று இழுக்கும். சந்துப் பெண்களைக் கேட்கலாம் என்றால் அவர்களும் மெஷின்காரிகள், அதே அஞ்சரை பஸ்ஸில்தான் போவார்கள்.

மறுநாளே அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி ஒரு பெண், கண்ணாடி போட்டவர், சிடுசிடுக்காமல் கேட்டார்.

"நான் பொய் சொல்லிட்டேன்மா. அங்க இருபத்தாறு பட்டறை இருக்கு."

அதிகாரி கோப்பைத் திருப்பினார். "வீட்டு வரி. வீட்டு மீட்டர். லைசென்ஸ் ஒண்ணுகூட இல்ல. நீங்க அன்னைக்குச் சொன்னதுதாம்மா எல்லாத்தோடயும் பொருந்துது. இன்னைக்குச் சொல்றதுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லையே?"

இல்லைதான். இருபது வருஷமாக ஒரு துண்டுச் சீட்டு மிஞ்சாமல் பார்த்துக்கொண்டவளே இவள்தானே!

"சரி, வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நானே நேர்ல வரேன். எல்லாரும் மெஷினை ஓட்டட்டும். பாதிக்கு மேல ஓடினா கோடு போட்ட இடமா மாத்தச் சொல்லி எழுதறேன். அபராதம் கிடையாது."

"பாதி ஓடலைன்னா?"

"அப்ப அது வீட்டுச் சந்துதான். ஓடறதை நானே பார்த்துட்டா ஆறு மாசம் விட்டு வெக்க முடியாது, அன்னைக்கே சீல் வெச்சாகணும், வேற வழியில்ல."

சந்தைச் சம்மதிக்க வைப்பதற்குள் அவளுக்குத் தொண்டை வற்றிவிட்டது. பிரஸ்காரர்தான் முரண்டு பிடித்தார்.

"கதவைத் திறந்து வெச்சு கையும் களவுமா மாட்டிக்கச் சொல்றியாக்கா? நல்லா இருக்கே!"

"என் தலைமேல சத்தியம். ஏதாவது வில்லங்கம்னா நான் ரேடியோவைத் திருக மாட்டேனா? அது பாடற வரைக்கும் ஓட்டுங்க."

அது ஒன்றுதான் அவர்களுக்குப் பிடிபட்டது. ரேடியோ பாடினால் நிறுத்தலாம், பாடாவிட்டால் ஓட்டலாம். ஆனாலும் எவனாவது பயந்தாங்கொள்ளி வீணாகச் சுவரைத் தட்டிவைப்பான் என்று அவளுக்குச் சந்தேகம். யார் நின்றாலும் தம்பியின் லேத் நிற்கக்கூடாது. வியாழக்கிழமை காலை தம்பி மனைவியின் தலைமாட்டிலிருந்து தட்டையும் கரண்டியையும் தானே எடுத்துப்போய்ச் சமையலறையில் வைத்தாள்.

"இன்னைக்கு எது கேட்டாலும் பேசாம படுத்துக்கோ கண்ணு."

"சரிக்கா," என்று சிரித்தாள் அவள்.

பதினோரு மணிக்குச் சந்து காதைப் பிளந்தது. முதல் தடவையாக எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன. வெல்டிங்காரர் வாசலிலேயே பொறி பறக்க உட்கார்ந்திருந்தார். எவ்வளவு வேலை, எவ்வளவு ஜனம், இதையா இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம் என்று ரேடியோக்காவுக்கு வெட்கமாக இருந்தது.

அதிகாரியின் கார் மெயின் ரோட்டில் திரும்பியது. அதன் பின்னாலேயே, மேலே ஏணி கட்டிய மின்வாரிய வண்டி.

ரேடியோக்கா தையல் மெஷினை விட்டு எழுந்தாள். அபராதம் இல்லை என்றாளே பாவி, லைனை வெட்ட ஆளையல்லவா கூட்டி வருகிறாள்! சிரித்துச் சிரித்துப் பேசிக் கழுத்தை அறுத்துவிட்டாளே! கார் நின்றது. வண்டியும் வேகம் குறைந்தது. ரேடியோக்கா எட்டி ரேடியோவைத் திருகினாள்.

சுவர் சுவராகத் தட்டிக்கொண்டு போனது. பிரஸ் நின்றது, வெல்டிங் நின்றது, கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. நிமிஷம்கூட ஆகவில்லை.

மின்வாரிய வண்டி காரைத் தாண்டிப் போய் இருபதடி தள்ளி நின்றது. ஒருவர் இறங்கித் தெருவிளக்குக் கம்பத்தில் ஏணியைச் சாத்தினார், ஏறினார், பழைய பல்பைக் கழற்ற ஆரம்பித்தார்.

அதிகாரி சந்து முனையில் வந்து நின்றார். ரேடியோவில் யாரோ உருகி உருகிப் பாடிக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டி, சந்தின் கடைசியில், ஒரே ஒரு லேத்.

"இந்த ஒண்ணுதானாம்மா?"

"இல்லம்மா! எல்லாம் ஓடிச்சு! இப்பதாம்மா, இந்த நிமிஷம் வரைக்கும் ஓடிச்சு!" ரேடியோக்கா ஓடினாள். ஆபரேஷன் பண்ணின இடம் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி வலித்தது. "திறங்கப்பா! ஓட்டுங்க! ஒண்ணுமில்ல, பல்பு மாத்த வந்தவங்கப்பா!" ஒவ்வொரு கதவாக அடித்தாள். உள்ளே பாத்திரம் நகர்கிற சத்தம், குழந்தையின் வாயைப் பொத்துகிற சத்தம். முனையில் ரேடியோ இன்னும் பாடிக்கொண்டிருக்கிறது, எவர் திறப்பார்?

அதிகாரியும் ஒரு கதவைத் தட்டினார், பிரஸ்காரர் வீட்டுக் கதவு. உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது, தடங்கல் இல்லாமல், சொல்லிக்கொடுத்தபடியே.

"இங்க ஒரு பட்டறையும் இல்லீங்க. எல்லாம் குடும்பந்தான்."

அதிகாரி கதவிலிருந்து கையை எடுத்தார். பிறகு கடைசி வீட்டை நோக்கி நடந்தார், உடன் வந்தவர்கள் பையிலிருந்து அரக்கும் நூலும் எடுத்தார்கள்.

தம்பி தலை நிமிர்ந்தபோது அவர்கள் உள்ளே நின்றிருந்தார்கள். அவன் சிரித்து, வணக்கம் சொல்லி, நன்றாகப் பார்க்கட்டும் என்று தள்ளி நின்றான். ஒருவர் சுவிட்சை அணைத்தார். லேத் சுற்றிச் சுற்றி மெதுவாக நின்றது. அப்புறம்தான் அவன் காதில் ரேடியோ விழுந்தது. வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்ற அக்காவைப் பார்த்தான்.

"ரேடியோ ஏங்க்கா பாடுது?"

அவள் பார்வை, சமையலறையில் தான் கொண்டுபோய் வைத்த தட்டுக்கும் கரண்டிக்கும் போனது.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து அவன் மனைவி கூப்பிட்டாள்.

"முடிஞ்சுதாங்க? வாங்க, இந்தத் தடவ சன்னல் பக்கமா திருப்பி விடுங்க."

தம்பி கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான்.