மூன்று இரவு, இரண்டு பேர்

கப்பலின் வாய் திறந்துகொண்டிருக்கிறது, மேல்தாடை வானத்தைப் பார்க்க எழும்ப, கீழ்த்தாடை சங்கிலிகளில் இறங்கி இறங்கி இறங்குதுறையின் ஈரக் கல்லில் உரசி நிற்கிறது, உள்ளே இருட்டுக்குள் கார்களின் விளக்குகள் ஒவ்வொன்றாக விழிக்கின்றன, மழை சரிந்து பெய்கிறது, முதலில் நடந்து இறங்குகிறவர்களை விடுகிறார்கள், அந்த வரிசையில் நானும் என் கணவரும், இவர் ஊன்றுகோலை ஒரு கையிலும் என் தோளை மறு கையிலும் பிடித்திருக்கிறார், பார்த்தப்பா, வழுக்கும் என்கிறேன், எனக்கு வழுக்காத இடம் ஒண்டு சொல்லும் பாப்பம் என்கிறார், கரையில் மழையங்கியோடு ஒருத்தி நிற்கிறாள், முகம் தெரியவில்லை, முகம் தெரிய இன்னும் பத்தடி நடக்கவேண்டும், அந்தப் பத்தடியை நான் ஏழு வருடமாக நடந்துகொண்டிருக்கிறேன், கிளாஸ்கோவில், மூன்றாம் மாடி வீட்டின் குசினி மேசையில், கோயில் கலண்டரின் பின்பக்கத்தில், பென்சிலால்.

சின்னப் பயணம்தான், மூன்று இரவு, இரண்டு பேர், காலை பஸ் ஏறினால் மலைகளுக்கு நடுவே ஐந்து மணித்தியாலம், பிறகு கப்பல் இரண்டரை மணித்தியாலம், முதல் நாள் இளைப்பாறல், இரண்டாம் நாள் வெளிச்சவீடு, அதற்குப் பக்கத்தில் கடலுக்குள் நேராக விழுகிற கரும்பாறை, அதன் இடுக்குகளில் செம்மஞ்சள் மூக்கோடு குண்டு குண்டுப் பறவைகள் வந்து குடியிருக்குமாம், ஆடி பிறந்தால் ஒன்றையும் காணக் கிடைக்காதாம், மூன்றாம் நாள் வெள்ளை மணல் கடற்கரை, மரம் என்று ஒன்றும் இல்லை, காற்று விடாது, இதையெல்லாம் நான் எழுத எழுத இவர் கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார், கடைசி வரியில் அரிசிமா, பருப்பு, மிளகாய்த்தூள், சின்ன அரிசிக் குக்கர் என்று எழுதும்போதுதான் வாய் திறப்பார், இஞ்சேரும், மூண்டு நாளுக்கு இவ்வளவு தூளோ, கப்பல் தாண்டு போகும், சனம் நீந்தித்தான் கரை சேரும். வெள்ளிக்கிழமை மீன் மச்சம் சாப்பிடமாட்டன் எண்டு சொல்லுறது நீங்கள்தானே என்பேன். வெள்ளிக்கிழமை வராமல் போவம் என்பார். எப்போதும் போவம் என்றுதான் சொல்வார், போகமாட்டோம் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, அதை நான் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இவரைப் பற்றி நான் பொய் சொன்னதாகிவிடும்.

அந்தத் தீவில் என் மகள் இருக்கிறாள். தமயந்தி, வீட்டில் தமா, வீட்டில் என்று எழுதிவிட்டேன், வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லிப் பத்தொன்பது வருடம், தீவின் பெயரும் சொல்வதில்லை, அங்கை, அவ்வளவுதான், அங்கை மழையாம், அங்கை கப்பல் ஓடேல்லையாம், செய்தியில் காலநிலை சொல்லும்போது படத்தின் மேல்மூலையில் இருவரும் பார்ப்போம், ஒருவரையொருவர் பார்க்காமல். அவள் அங்கே இருப்பதை என் தங்கையின் மகள் சசிரேகாதான் கண்டுபிடித்தாள், கம்ப்யூட்டரில் எதையோ தேடிக்கொண்டிருந்தவள், பெரியம்மா, ஓடி வாங்கோ, இது தமாக்கா நடத்திற வீடு, ஆக்கள் வந்து தங்கிற வீடு, பாருங்கோ. வெள்ளைச் சுவர், கறுப்புக் கூரை, பின்னால் மலை, யன்னலோரம் ஒரு மேசை, மேசையில் முட்டையும் பாணும் தேநீர்ப் பாத்திரமும், ஆள் ஒருவரும் இல்லை, மேசைத்துணியின் மூலையை மட்டும் உள்ளுக்கு மடித்துச் செருகியிருந்தது, துணி நீளம் என்றால் அவள் அப்படித்தான் செருகுவாள், எத்தனை தரம் ஏசியிருப்பேன், ஒழுங்காய் மடிச்சுத் தையன் பிள்ளை என்று, அந்த மூலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், கீழே தொலைபேசி எண் இருந்தது.

முதல் தடவை எடுத்தபோது இவர் கோயிலுக்குப் போயிருந்தார், ஈஸ்டர் முடிந்து அந்த வீடு திறந்திருந்த சித்திரை மாதம், மணி அடித்தது, எடுத்தாள், காலை வணக்கம், நான் உங்களுக்கு எவ்வகையில் உதவலாம் என்றாள் ஆங்கிலத்தில், பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு கேட்ட குரல், கொஞ்சம் தடித்திருந்தது, அந்த ஊர் இழுவை ஏறியிருந்தது, நான் தொலைபேசியை வைத்துவிட்டிருக்கவேண்டும், வைக்கவில்லை, என் பெயர் மிஸஸ் நாதன், ஓர் அறை வேண்டும் என்றேன், நாதன் எங்கள் சந்தியிலுள்ள பல் வைத்தியர். எத்தனை இரவு, மூன்று, எத்தனை பேர், இரண்டு, நானும் என் கணவரும், உணவில் ஏதும் தவிர்ப்பீர்களா, மாட்டிறைச்சி, படி ஏறுவதில் சிரமம் உண்டா, அவருக்கு முழங்கால் சரியில்லை, அப்படியானால் கீழ் அறை தருகிறேன், வீட்டில் ஒரு நாய் உண்டு, பரவாயில்லையா, பரவாயில்லை, நாய் என்றால் அவருக்கு விருப்பம், சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன், பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டேன், அவள் சொல்லத் தொடங்கினாள், வெளிச்சவீடு, கரும்பாறை, பறவைகள், வெள்ளை மணல், அவசரமே இல்லாமல், ஒரு பிள்ளைக்குக் கதை சொல்வதுபோல, நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன், கடைசியில் கணவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன், தாராளமாக, மிஸஸ் நாதன் என்றாள். இவர் வந்தார், சப்பாத்தைக் கழற்றினார், விபூதியை என்னிடம் நீட்டினார், என் முகத்தைப் பார்த்தார், கதிரையில் இருந்தார், சுவரைப் பார்த்துக் கேட்டார், அங்கை காத்து எப்பிடியாம்.

அப்படித்தான் ஒவ்வொரு சித்திரையும். இவர் கோயிலுக்குப் போவார், நான் எடுப்பேன், மூன்று இரவு, இரண்டு பேர், முழங்கால், மாட்டிறைச்சி, அவளும் ஒவ்வொரு முறையும் புதிதாய்க் கேட்பதுபோல எல்லாம் கேட்பாள், ஒரு வருடம் பின்னால் ஒரு பச்சைக் குழந்தை அழுதது, இன்னொரு வருடம் அது பாடியது, போன வருடம் அதுவே எடுத்தது, பெண் பிள்ளை, யார் பேசுவது, மிஸஸ் நாதன், அம்மா, மிஸஸ் நாதன் என்று வீடு முழுக்கக் கேட்கக் கத்தியது, ஏதோ அடிக்கடி கேட்டுப் பழகிய பெயர் போல, நான் அதை அப்போது யோசிக்கவில்லை, அந்தக் கத்தலிலேயே நின்றுவிட்டேன். இவர் வந்து காத்து எப்பிடியாம் என்பார், நல்ல காத்தாம் என்பேன், கலண்டர், பென்சில், மிளகாய்த்தூள், பகிடி, ஒரு கிழமை முழுக்கப் போய்க்கொண்டே இருப்போம், பிறகு ஒரு காலை முழங்காலைத் தடவிக்கொண்டு சொல்வார், இந்த முறை ஏலாது போல கிடக்கு, அடுத்த வருசம் பாப்பம்.

முழங்கால் அல்ல. மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கிய மூன்றாம் நாள் அவள் போனாள், தாலிக்குப் பொன் உருக்கினால் பாதிக் கலியாணம் முடிந்த மாதிரி, பெண் படி தாண்டக்கூடாது, ரொறன்ரோவிலிருந்து சனம் வந்து இறங்கியிருக்கிறது, மண்டபத்துக்கு வாழை வந்துவிட்டது, அவள் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு துண்டு ஒட்டிவிட்டுப் போய்விட்டாள், ஈவன் என்று பெயர், கப்பலில் கயிறு பிடிக்கிறவர், நல்லவர், மன்னியுங்கோ. மாப்பிள்ளையின் தாய் வாசலில் நின்று கேட்டதை நான் எழுதமாட்டேன். அவர்கள் போன பிறகு இவர் குளியலறைக்குள் போனார், உடுத்திருந்த வேட்டி சட்டையோடு, பச்சைத் தண்ணீரைத் திறந்து தலையில் விட்டார், செத்த வீட்டிலிருந்து வந்தவர் முழுகுவதுபோல, எனக்கு ஒரு மகன்தான் எண்டு வையும் என்றார், பல் கிடுகிடுத்தது, தண்ணீருக்குள் நின்றபடியே என்னைப் பார்த்து, நீரும் முழுகும் என்றார். மாட்டேன் என்றிருக்கலாம், இவர் அடிக்கிறவர் இல்லை, உரத்துப் பேசுகிறவர்கூட இல்லை, நான் சேலையோடு தொட்டிக்குள் ஏறி நின்றேன், முழுகினேன், உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு. முழுகின முகத்தோடை எப்பிடியப்பா அதின்ரை வாசல்லை போய் நிக்கிறது என்று எத்தனையோ வருடம் கழித்து ஒரே ஒருமுறை சொன்னார், பென்சிலைத் திருகிக்கொண்டு, அது என்று சொன்னாலும் சொன்னார், அன்று எனக்கு அது போதுமாக இருந்தது.

மாசியில் ஆஸ்பத்திரி, மத்தியானம், யன்னலில் வெயில்போல ஒன்று, மூக்கில் குழாய், இவர் திடீரென்று தெளிவாகக் கேட்டார், இந்த வருசம் எடுத்துக் கேட்டனீரோ. இன்னும் மாசிதானேப்பா, அவை ஈஸ்டருக்குப் பிறகுதானே திறக்கிறது. இப்ப எடும். என்னெண்டு எடுக்கிறது, மிஸஸ் நாதன் மாசியிலை எடுக்கிறேல்லையே என்று சொல்லிச் சிரித்தேன், சிரித்தேன், இவரும் சிரிக்கப் பார்த்தார், காத்தை எண்டாலும் கேளும் என்றார். தொலைபேசி என் கைப்பைக்குள் இருந்தது, எண் எனக்கு மனப்பாடம், எடுத்து இவர் காதில் வைத்திருக்கலாம், அவள் காலை வணக்கம் என்று சொல்லியிருப்பாள், அதை மட்டும் கேட்டிருப்பார், ஏழு வருடப் பொய்யை ஒழுங்காகக் காப்பாற்றவேண்டும் என்று நான், மாசியில் அறை கேட்டால் அவளுக்குச் சந்தேகம் வரும் என்று நான், சித்திரையிலை கேப்பம் என்று போர்வையை இழுத்துவிட்டேன். அதற்கு இரண்டாம் நாள் இவர் மூச்சு முடிந்தது. மகன் குகதாசன் சொன்னான், அம்மா, அவவுக்கு அறிவிக்கிறேல்லை, அப்பா முழுகினவர், அவருக்கு விருப்பமில்லாததைச் செய்யக்கூடாது. காத்து எப்பிடியாம் என்று கேட்டவரை அவனுக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை, வாயைத் திறக்கவே பயம், திறந்தால் ஆஸ்பத்திரி மத்தியானமும் வெளியே வந்துவிடும். எட்டாம் நாள் எட்டுச் செலவும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் அவள் இல்லாமல் முடிந்தன.

இன்று சித்திரை, நான் எடுத்தேன், வருடம் திரும்பி ஆட்டைத் திவசம் முடியாமல் உல்லாசப் பயணம் கேட்கிறதோ என்று குகதாசன் கேட்பான், கேட்கட்டும். காலை வணக்கம், ஓ, மிஸஸ் நாதன், இந்த வருடம் நீங்கள் எடுக்கப் பிந்திவிட்டீர்கள். ஆம், கொஞ்சம் பிந்திவிட்டது. மூன்று இரவு தானே, ஆம், கீழ் அறை தானே, எந்த அறையும் பரவாயில்லை, நான் படி ஏறுவேன். எத்தனை பேர் என்றாள். ஒருவர் என்றேன்.

ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம், நாய் ஒரு தரம் குரைத்தது, நான் காதை அழுத்திக்கொண்டு நிற்கிறேன், கலண்டரில் வெளிச்சவீடு, பறவைகள், வெள்ளை மணல், பிறகு அவள் கேட்டாள், அந்த ஊர் இழுவை ஒரு சொட்டும் இல்லாமல், எங்கள் வீட்டுக் குரலில், அம்மா, எப்ப?

மாசி பதினொண்டு. எல்லாம் முடிஞ்சுதோ. முடிஞ்சுது பிள்ளை. ஒருத்தரும் சொல்லேல்லை. சொல்லேல்லை. பொறுங்கோ, வையாதேங்கோ என்றாள், நான் வைக்கவில்லை, கதவு ஒன்று திறந்தது, தண்ணீர் விழத் தொடங்கியது, முதலில் தொட்டியில் விழும் சத்தம், பிறகு ஆள்மேல் விழும் சத்தம், எனக்கு வித்தியாசம் தெரியும், பிந்திக் கேட்டாலும் பிள்ளை முழுகவேண்டும், அந்த முறை அவளுக்கு மறக்கவில்லை, பத்தொன்பது வருடம் உப்புக் காற்றுக்குள் இருந்தும் மறக்கவில்லை, தண்ணீருக்குள் அவள் அழுதாளோ தெரியாது, நான் மேசையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன், கிளாஸ்கோவில் என் கால் நனைந்ததுபோல இருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள், நிக்கிறியளோ, நிக்கிறன், எனக்கு முதல் வருசமே தெரியும் அம்மா, நாயெண்டா அவருக்கு விருப்பம் எண்டு சொன்னனீங்கள், அண்டைக்கே தெரியும், கேட்டா வச்சிடுவியள் எண்டுதான் கேக்கேல்லை. பிறகு சொன்னாள், நீங்கள் எடுக்கிற ஒவ்வொரு வருசமும் கோடை முடியுமட்டும் கப்பல் வாற நேரமெல்லாம் கரையிலை போய் நிப்பன், ஈவன் ஏசுவார், மழைக்குள்ளை ஏனப்பா எண்டு, ஆஸ்பத்திரியிலை சக்கர நாற்காலி ஒண்டு கேட்டு வாங்கி வச்சிருந்தனான், அப்பான்ரை முழங்காலுக்கு, மகளுக்கும் சொல்லி வச்சிருந்தனான், மிஸஸ் நாதன் வருவா எண்டு.

இப்ப வரட்டோ தமா என்றேன். பெயர் என் வாய்க்கு வெளியே வந்துவிட்டது.

அவள் மூச்சு விடுவது கேட்டது, ஈரத் தலையிலிருந்து சொட்டுவதும் கேட்டதாக எனக்குத் தோன்றுகிறது, அது தோற்றமாக இருக்கலாம், பிறகு அந்த மரியாதையான ஆங்கிலம் திரும்ப வந்தது, ஒவ்வொரு சொல்லையும் துடைத்து வைப்பதுபோல, மன்னிக்கவேண்டும், மிஸஸ் நாதன், இந்த வருடம் எல்லா அறைகளும் போய்விட்டன. ஓ, அப்படியா என்றேன், நானும் ஆங்கிலத்தில்தான், மாசியில் சொல்லாமல் விட்டவள் வேறென்ன கேட்பேன். அடுத்த சித்திரையில் கேட்டுப் பாருங்கள். கேட்கிறேன், மிக்க நன்றி. அடுத்த சித்திரைக்கு எனக்கு எழுபத்தெட்டு, அதை அவளுக்குச் சொல்லவில்லை, அவளுக்கு எண்ணத் தெரியும். அவள் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை, ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் என்று தெரியாது, பிறகு அந்தப் பிள்ளை அம்மா என்று கூப்பிட்டது, இருவரும் திடுக்கிட்டோம், வைத்துவிட்டாள்.

கப்பலின் வாய் திறக்கிறது, இதே குசினி மேசையில், நான் அதற்குள் இல்லை, இதுநாள்வரை உள்ளிருந்தே பார்த்திருக்கிறேன், இப்போது வெளியே, ஈரக் கல்லில், அவளுடைய மழையங்கிக்குள் நிற்கிறேன், பக்கத்தில் வெறும் சக்கர நாற்காலி, அதன் இருக்கையில் நீர் தேங்குகிறது, கையால் வழித்துவிடுகிறேன், மறுபடி தேங்குகிறது, நடக்கிறவர்கள் இறங்குகிறார்கள், ஊன்றுகோலோடு ஒரு கிழவர், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓரடி வைக்கிறேன், வேறு யாரோ, கார்கள் ஒவ்வொன்றாக வெளியேறுகின்றன, கடைசிக் கார், அதற்குப் பின்னால் இருட்டு, கயிறு பிடிக்கிறவர் என்னைப் பார்த்து இல்லை என்று தலையாட்டுகிறார், தெரியும் என்று நானும் ஆட்டுகிறேன், தெரிந்தும் நிற்கிறேன், கீழ்த்தாடை சங்கிலியில் எழும்பத் தொடங்குகிறது, நாளைக்கும் கப்பல் உண்டு.