சொந்தக்காரங்க என்ன முறை?

பட்டுக்கனிக்கு இரண்டு குதிகாலும் தீயாய் எரிந்தன. விடிந்ததிலிருந்து உப்பளத்தில் நின்ற கால்கள். அந்தக் காலோடுதான் அவள் தன் போனைப் பார்க்க வந்திருந்தாள். ஐந்து மணியோடு பார்வை நேரம் முடிந்துவிடும். வெறுங்கையோடு போவது முறையில்லை என்று வழியில் ஒரு பன் வாங்கியிருந்தாள்.

சர்வீஸ் சென்டரில் போன்கள் தொட்டில்களில் கிடந்தன. பட்டுக்கனியின் போன் ஜன்னலோரத் தொட்டிலில் கிடந்தது. சார்ஜ் ஏறுகிற வாயில் உப்புப் பூத்து அடைத்திருந்தது. பன்னைப் பிய்த்துக் காட்டினாள். அது கண்ணைத் திறக்கவில்லை.

பக்கத்துத் தொட்டிலை ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் ஆட்டிக்கொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

"ஏம்மா, ஒன்னைய கவுண்டர்ல கூப்பிடுதாவ," என்றார். "மெல்லப் போ. இப்பத்தான் கண்ணசந்திருக்கு."

அவள் கவுண்டரை நோக்கி நடந்தாள். கவுண்டர் பின்னால் நகர்ந்தது. கவுண்டர் என்றால் கொஞ்சம் தள்ளித்தான் போகும். வரப்பில் நடக்கிற மாதிரி அவள் விடாமல் நடந்தாள். கவுண்டருக்குத்தான் மூச்சு வாங்கியது. நின்றுவிட்டது.

அதன் பின்னால் டை கட்டிய பையன் இருந்தான். சட்டையில் ரெக்ஸ்லின் என்று எழுதியிருந்தது.

"அஞ்சு மணிக்கு இதக் கம்பெனி தத்து எடுத்துக்கிடும்க்கா."

"எதுக்குய்யா?"

"சொந்தக்காரங்க யாரும் வரலைல்லா."

"நாந்தான் சொந்தக்காரி."

"என்ன முறை?"

"முறையா? காசு குடுத்து வாங்கினவ."

"வாங்குறது முறையில வராதுக்கா. அத்தை, சித்தி, கொழுந்தியா, இப்படி எதாவது சொல்லுங்க."

உப்பளத்துக் கணக்கப்பிள்ளை பட்டுக்கனியை வேலைக்கு அந்த நம்பரில்தான் கூப்பிடுவார். அடித்து யாரும் எடுக்காவிட்டால், நாளைக்கு உப்பு வாருகிற பலகை வேறொருத்தி கைக்குப் போய்விடும். அப்புறம் அது திரும்பி வராது.

"தெறந்து அந்த உப்பச் சொரண்டினாப் போதும்யா. நானே சொரண்டிக்கிடுதேன்."

"தெறக்கக் கூடாதுக்கா."

"எம் போனு."

"உங்க போன்தான். உள்ள இருக்கதுதான் எங்களோடது. வெளிய எவ்வளவு வேணும்னாலும் தொடைங்க. நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

"அப்ப நான் ஒரு வீடு வாங்கினா வாசல்லயே கெடக்கணுமோ?"

"வீடு எங்க டிபார்ட்மென்ட் இல்ல."

அவன் ஒரு படிவத்தை இழுத்து வைத்தான். "ராத்திரி எங்க படுக்கும்?" என்றான்.

"எந் தலமாட்டுல."

"ஒடம்பு சுட்டுதுன்னா?"

"முந்தானையால விசிறுவேன்."

"கீழ விழுந்தா?"

"எனக்குத்தான் பதறும்."

"அப்ப அம்மா," என்றான் ரெக்ஸ்லின். முத்திரை குத்தினான். பட்டுக்கனிக்கு மார்பு கனத்தது. கடைசிப் பிள்ளை பால்குடி மறந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அதை அவள் பெரிதுபடுத்தவில்லை.

"இனித் தெறக்கலாம்லா?"

"அம்மா எப்படிக்கா தெறப்பாவ? கையி நடுங்கும். கண்ணு கலங்கும். மொதத் தொளை தாய்மாமன் மடியிலதான். உங்களுக்குத் தெரியாததா?"

அவளுக்குத் தெரியும்.

அண்ணன் ஒருத்தன் உண்டு. சொரிமுத்து. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். பட்டுக்கனி மகள் கல்யாணத்தில் அவனை இரண்டாம் பந்தியில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். அன்றோடு பேச்சு நின்றது.

பட்டுக்கனி வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்துக் கத்தினாள். "அண்ணே! பிள்ளைக்குக் காது குத்தணும்!"

அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு எந்தத் தாய்மாமனும் இருந்த இடத்தில் இருக்க முடியாது. சொரிமுத்து வந்துவிட்டான். தோளில் கோதுமை மூட்டை அப்படியே இருந்தது. இறக்கி வைக்க நேரமில்லை. இன்னொரு கையில் தாம்பாளம், தேங்காய், பழம், புதுச் சட்டை. மேளக்காரர்கள் இரண்டு பேர் ஏசி மெஷினுக்குள்ளிருந்து இறங்கினார்கள்.

"ஏட்டி, யாரு பிள்ளைக்கு?"

"எம் பிள்ளைக்குத்தான்."

அவன் ஜன்னலோரத் தொட்டிலிலிருந்து போனை எடுத்துப் புரட்டிப் பார்த்தான். "மூஞ்சி ஒன்னைய உரிச்சு வச்சிருக்கு," என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "மொதப் பந்திதான?"

"மொதப் பந்தி, அண்ணே."

மூட்டையை இறக்கினான். சம்மணம் போட்டு உட்கார்ந்து போனை மடியில் வைத்துக்கொண்டான். உள்ளே என்ன இருக்கும் என்று அவனுக்கு ஒரு எழவும் தெரியாது. அதற்காக அவன் யோசிக்கவும் இல்லை.

"ஸ்குரூ டிரைவர் தர மாட்டோம்," என்றான் ரெக்ஸ்லின்.

சொரிமுத்து இடது கட்டைவிரலைக் காட்டினான். சாக்கும் கயிறும் உரசி உரசிச் சிப்பி மாதிரி தடித்த நகம். திருகில் வைத்து அழுத்தினான்.

"அண்ணாச்சி, நகமும் ஆயுதம்தான். இங்க ஒப்படைக்கணும்."

"ஒப்படைச்சிட்டு எதால திருக? மூக்காலயா?"

"அது உங்க பாடு."

"வேலை முடிஞ்சதும் தாரேன். போதுமாலே?"

அதை மறுக்க ரெக்ஸ்லினிடம் விதி எதுவும் இல்லை.

திருகு சுற்றியது. மூடி கழன்றது. உள்ளே வரப்பும் பாத்தியுமாகச் சின்ன உப்பளம் ஒன்று வெயிலில் மின்னியது. பட்டுக்கனி சுண்டுவிரலை விட்டு வாரினாள். ஒரு சிட்டிகை தேறியது. முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"உள்ள இருக்கது கம்பெனியோடதுக்கா."

"உப்பு என்னோடதுய்யா," என்றாள்.

போன் வீறிட்டு அழுதது. எடுத்துக் காதில் வைத்தாள். கணக்கப்பிள்ளை.

"பட்டுக்கனியா? நாளைக்கு வாரியா?"

"வாரேன்யா."

அவள் குதிகாலைத் தரையில் நன்றாக ஊன்றி நின்றாள்.

இன்ஸ்பெக்டர் தன் தொட்டிலோடு வந்து நின்றார். "மச்சான், எம் பொண்டாட்டிக்குக் கூடப் பொறந்தவனுவ இல்ல. எம் பிள்ளைக்கும் நீங்களே மாமனா இருங்க," என்றார். அவர் பின்னால் வரிசை வளர்ந்தது.

"எல்லாம் எம் மருமக்கதான், கொண்டாங்க," என்றான் சொரிமுத்து.

ஒவ்வொன்றாக மடியில் ஏற்றித் திறந்தான். அவரவர் பிள்ளையை அவரவர் தூசி தட்டி எடுத்துக்கொண்டார்கள். ஐந்து மணி வாசலில் வந்து நின்றது. மேளச் சத்தத்தில் அதற்கு உள்ளே வர வழியில்லை. சொரிமுத்து அலுத்துக்கொள்ளவில்லை, தண்ணீர்கூடக் கேட்கவில்லை. இப்படி ஒரு மனுஷனைப் பட்டுக்கனி பார்த்ததில்லை. கூடப் பிறந்தவன் என்பது நினைவு வந்து அவள் முதல் பந்திக்கு இலை போட்டாள்.

கடைசித் தொட்டிலும் காலியானது. சொரிமுத்து எழுந்து கவுண்டருக்குப் போனான். தேய்ந்தது போக மிச்சமிருந்த நகத்தைக் கழற்றி வைத்தான். சொன்ன சொல் சொன்னதுதான். ரெக்ஸ்லின் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"வலிக்குதா அண்ணே?" என்றாள் பட்டுக்கனி.

"சோறு எங்கட்டி?"

முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டான். கையைக் கழுவினான். மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்கே போனான்.

நகம் இதுவரை முளைக்கவில்லை. அவன் அதைப் பற்றி வாய் திறந்ததுமில்லை. பட்டுக்கனி தன் அண்ணனுக்கு இடது கட்டைவிரல் நகம் ஒன்று கடன்பட்டிருக்கிறாள்.