எட்டாம் நாள் நண்டு

என் கணவர் யோகலிங்கம் இறந்த எட்டாம் நாள், அவருக்குப் பிடித்த சாப்பாட்டையெல்லாம் சமைத்து வாழையிலையில் படைத்து, அறைக் கதவைச் சாத்தினோம். எட்டாம் நாள் படையல் எல்லா வீட்டிலும் உண்டு. மற்ற வீடுகளில் ஒரு வெற்றிலை போட்டு முடிகிற நேரத்தில் கதவைத் திறந்துவிடுவார்கள். அவருடைய ஆட்கள் திரியாய் ஊர்ப் பக்கம். அவர்களுடைய முறையில் மத்தியானம் சாத்துகிற கதவு விளக்கு வைக்கிற நேரத்தில்தான் திறக்கும். இறந்தவர் வெகுதூரம் நடந்து வந்து சாப்பிடுகிறார், அவரை அவசரப்படுத்தக் கூடாது என்பார்கள். திறப்பதற்கு முன்னால் கதவை மெல்லத் தட்டுவார்கள். பிறகு நெருங்கிய உறவினர் அந்த இலையிலிருந்தே பங்கிட்டுச் சாப்பிட வேண்டும்.

அவர் துறைமுகத்தில் லோஞ்ச் படகு ஓட்டியவர். ஒருநாள் காலையில் இறங்குதுறையில் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது அப்படியே குந்தினார். பிறகு எழும்பவில்லை. கூட வேலை செய்த ஜெமீல்தான் தூக்கிக்கொண்டு வந்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த நாட்களில் எனக்கு அழுகை வரவில்லை. யாராவது ஒரு வேலை சொன்னால் செய்தேன். தேங்காய் திருவச் சொன்னார்கள், திருவினேன். போதும் என்று ஒருவர் வந்து சொல்லும்வரை திருவிக்கொண்டேயிருந்தேன்.

அவருக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது ஜெமீல் அவிக்கிற நண்டு. லோஞ்சிலேயே கடல்தண்ணீரில் அவித்து, உடனே வேறு வாளியில் அள்ளிய கடல்தண்ணீரில் முக்கி ஆறவைப்பான். சூட்டோடு விட்டால் சதை ஓட்டில் ஒட்டிக்கொள்ளும், முக்கினால் முழுதாகக் கழன்று வரும் என்பது அவர்களுடைய பழக்கம். எட்டாம் நாள் மத்தியானம் ஜெமீல் ஒரு சட்டி நிறைய நண்டு கொண்டுவந்து வேலிப் படலையில் நின்று, "அண்ணன்ட இலையில வைங்க அக்கா" என்று தந்துவிட்டுப் போனான். வைத்தோம். கதவைச் சாத்தினோம்.

விளக்கு வைத்ததும் தட்டித் திறந்தது என் மச்சாள் அன்னலட்சுமி. என் கணவரின் அக்கா. புருசனை இழந்து எங்கள் வீட்டு வளவிலேயே இருந்தவர். நண்டின் பெரிய கால்களையெல்லாம் அவர்தான் உடைத்துச் சாப்பிட்டார். தம்பி தனக்காகத்தான் மிச்சம் விட்டிருக்கிறான் என்றார். கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலையில் வேலை செய்கிற தன் மகன் குணரத்தினத்துக்கும் ஒரு பங்கு எடுத்துக் கோப்பையில் மூடி வைத்தார். அவனுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. நானும் ஒரு துண்டு வாயில் வைத்தேன். தொண்டை இறங்கவில்லை. கொல்லைப்புறம் போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

விடிவதற்குள் சாப்பிட்ட எல்லோருக்கும் வயிற்றோட்டம். மற்றவர்கள் தேறிவிட்டார்கள். மச்சாளுக்குச் சலரோகம், சீனி வியாதி இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உடம்பு வற்றிப்போயிருந்தது. சேலைன் ஏற்றியும் சரிவரவில்லை. நினைவு இருந்தபோது என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்.

"குணத்துக்கு எடுத்து வைச்சதைக் கொட்டிப்போடு."

மறுநாள் மச்சாளின் உயிர் போய்விட்டது.

நான் அதைக் கொட்டவில்லை. மறந்துபோனேன் என்றும் சொல்ல முடியாது. அந்தக் கோப்பையைத் தூக்குவதற்குக் கை போகவில்லை. அதற்குள் முனாப் வந்து அதைக் கேட்டார்.

முனாப் கிண்ணியாக்காரர். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து, எங்கள் துறைமுகத்து நண்டிலும் இறாலிலும் இருக்கும் ஒரு கிருமியைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். ஓர்ஸ் ஹில்லில் வாடகைக்கு எடுத்த இரண்டு அறைகள்தான் அவருடைய ஆராய்ச்சிசாலை. அவருக்கு வாரந்தோறும் நண்டு கொண்டுபோய்க் கொடுத்தவர் என் கணவர். மூடியுள்ள கண்ணாடித் தட்டுகளில் கடற்பாசியைக் காய்ச்சி ஊற்றி, அதன்மேல் கிருமியை வளர்ப்பார். நோன்புக்குக் காய்ச்சுகிற கடற்பாசியை இந்த மனிசன் நண்டுக்குச் சாப்பாடாகத் தீத்துகிறார் என்று வீட்டில் வந்து சொல்லிச் சிரிப்பார் என் கணவர். நண்டு டொக்டர் என்ற பெயரும் அவர் வைத்ததுதான். முனாப்புக்கு அது தெரியும். அந்தப் பெயருக்கு அவரும் திரும்பிப் பார்ப்பார்.

மூடி வைத்த பங்கை அவரிடம் கொடுத்தேன். ஐஸ் பெட்டிக்குள் வைத்துக்கொண்டுபோனார்.

மச்சாளுக்குக் கொள்ளி வைத்த கையோடு குணரத்தினம் இறங்குதுறைக்குப் போய் ஜெமீலின் சட்டையைப் பிடித்திருக்கிறான். ஆட்கள் விலக்கிவிட்டார்கள். ஜெமீல் திருப்பிக் கை ஓங்கவில்லையாம். அதே சட்டியில் அவித்த நண்டைத்தான் மத்தியானம் தானும் தின்றதாகவும், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்கும் கொடுத்ததாகவும், ஒருவருக்கும் ஒன்றும் செய்யவில்லை என்றும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறான். குணம் அதை நம்பவில்லை. அவனுக்கு நண்டுதான் பிழை. படையலில் ஒரு பிழையும் இல்லை.

அம்மாவின் எட்டை முறைப்படி செய்யப்போவதாக அவன் வீட்டில் சொன்னான். நண்டு வேண்டாம், அவருக்கு இறால் விருப்பம், சந்தையில் தானே பார்த்து வாங்குவான். மத்தியானம் கதவைச் சாத்தி விளக்கு வைக்கிற நேரத்தில் திறப்பான்.

"மாமாவின்ர இலையில நான் சாப்பிடயில்லை. அம்மா சாகேக்கயும் நான் பக்கத்தில இல்லை. அம்மாவின்ர இலையில முதல் நான்தான் சாப்பிடுவன், மாமி. ஆரும் மறிக்கப்படாது."

கணவர் போனதும் மச்சாள் போனதும் எனக்குள் எங்கேயோ தூரத்தில் நடந்ததுபோல இருந்தன. இந்தப் பேச்சுமட்டும் கிட்டக் கேட்டது. இவன் ஒருவன்தான் மிச்சம். இவனும் அந்த அறைக்குள்ளிருந்து எடுத்துச் சாப்பிடப்போகிறான்.

ஓர்ஸ் ஹில்லுக்குப் போய் முனாப்பிடம் விசயத்தைச் சொன்னேன். படையலை விடச் சொல்ல ஏலாது, அவன் விடமாட்டான் என்றேன். கதவை எவ்வளவு நேரம் சாத்தி வைக்கலாம் என்று மட்டும் கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. எங்கள் அறை எவ்வளவு பெரியது, யன்னல் திறந்திருக்குமா, எத்தனை விளக்கு எரியும், சாப்பாட்டை மூடுவோமா என்று விசாரித்தார். பிறகு, பார்த்துச் சொல்கிறேன் என்றார். ஜெமீலையே கூப்பிட்டு அதே மாதிரி நண்டு அவிப்பித்து, அதே மாதிரிக் கடல்தண்ணீரில் முக்குவித்து, தன்னுடைய அறையொன்றில் வாழையிலையில் வைத்து, யன்னலைச் சாத்தி, குத்துவிளக்கும் கொளுத்தி வைத்திருக்கிறார். இடைக்கிடை உள்ளே போய்ச் சதையில் கொஞ்சம் எடுத்துத் தட்டில் இட்டிருக்கிறார். கிண்ணியாவிலிருந்து வந்த அவருடைய உம்மா, வீட்டுக்குள்ளே குத்துவிளக்கு எரிவதைக் கண்டு வாசலோடு திரும்பிப் போய்விட்டாராம்.

எட்டுக்கு முந்தின நாள் குணத்தையும் கூட்டிக்கொண்டு போனேன். வரமாட்டேன் என்றவன், ஜெமீலின் பிழையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று நினைத்துத்தான் வந்தான்.

மின்குமிழ் எரிகிற ஒரு மரப்பெட்டிக்குள்ளிருந்து முனாப் தட்டுகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். வாளியில் முக்குவதற்கு முன்னால் எடுத்ததில் ஒன்றுமே இல்லை. முக்கியவுடன் எடுத்ததில் இரண்டு மூன்று பச்சைப் புள்ளிகள். கதவு சாத்திக் கொஞ்ச நேரத்தில் எடுத்ததில் அம்மைக் கொப்புளம்போலப் பரந்து கிடந்தன. விளக்கு வைக்கிற நேரத்தில் எடுத்த கடைசித் தட்டில் புள்ளி என்று பிரித்துப் பார்க்க இடமில்லை. முழுத் தட்டும் பச்சை. மச்சாள் எடுத்து வைத்த பங்கிலும் இதே கிருமிதான் வளர்ந்தது என்றார்.

"அவிக்கக்க எல்லாம் செத்துப்போகுது. வாளித் தண்ணியால திரும்ப வருது. ஆனா வந்தது கொஞ்சம்தான் தம்பி. ஜெமீலும் பிள்ளைகளும் அதைத்தான் தின்டது. ஒங்கட உம்மா தின்டது இது," என்று கடைசித் தட்டைத் தொட்டார்.

குணம் தட்டுகளிலிருந்து நிமிர்ந்தான்.

"இது உங்கட அறை. எங்கட அறையில சாமி படம் இருக்கு."

"இருக்கட்டும்."

"தேவாரம் படிச்சு விளக்குக் கொளுத்தித்தான் சாத்துறது."

"விளக்குச் சூடு தம்பி," என்றார் முனாப். "இன்னும் கெதியாப் பெருகும்."

குணம் வெளியே போய்விட்டான். இறாலைக் கடல்தண்ணீரில் முக்கமாட்டோமே என்று முனாப்பிடம் கேட்டேன். முக்காவிட்டாலும், பச்சை இறால் கிடந்த சுளகில் வைத்தால், பச்சை இறால் உரித்த கையால் தொட்டால் போதும் என்றார். திரும்பவும் கொதிக்க வைத்தால்? இந்தக் கிருமி செத்துப்போகும். வேறு சில கிருமிகள் நஞ்சை விட்டுவிட்டுப் போகும், சோற்றிலும் வரும், அது கொதித்தாலும் போகாது, அதற்குத் தான் பொறுப்புச் சொல்ல முடியாது என்றார். எறிவதுதான் நல்லது. அதற்கு வழியில்லையென்றால் கொதிக்க வையுங்கள் அக்கா, கொதித்த பிறகும் கொஞ்ச நேரம் விடுங்கள் என்றார்.

வரும் வழியில் குணத்திடம் சொன்னேன். அவன் நடுறோட்டில் நின்றுவிட்டான். படைத்த சாப்பாட்டை மறுபடி அடுப்பில் வைப்பது எங்கள் வீடுகளில் இல்லை. இறந்தவர் வாய் வைத்ததைச் சுடுவதென்றால் அவரையே திரும்பச் சுடுவதுமாதிரி என்பார்கள். அது எனக்கும் தெரியும்.

மச்சாளின் எட்டன்று நான்தான் சமைத்தேன். இறாலை வேலிக்கரையில் வைத்து உரித்து, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, சட்டி அகப்பை எல்லாம் சுடுதண்ணீரில் அலசினேன். இறால் குழம்பு, பாரை மீன் பொரியல், சோறு. குணம் படைத்தான். தேவாரம் படித்தான். கதவைச் சாத்தி, கதிரையொன்றை இழுத்துவந்து கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டான். வந்த உறவினர் நாலைந்து பேர்தான். போனமுறை வயிற்றோட்டத்தில் கிடந்தவர்கள் அவர்கள். ஒவ்வொருவராக ஏதோ அலுவல் சொல்லிக்கொண்டு விளக்கு வைப்பதற்கு முன்னரே போய்விட்டார்கள்.

நான் குசினியில் அடுப்பை அணையவிடவில்லை. ஒரு சட்டியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. வற்ற வற்ற ஊற்றினேன்.

அவன் தட்டினான். திறந்தான். இலைக்கு முன்னால் இருந்து கையை நீட்டும்போது நான் உள்ளே போய், அவனுடைய கைக்கும் இலைக்கும் நடுவால் குனிந்து, குழம்புக் கிண்ணத்தையும் மீனையும் எடுத்தேன். சோற்றை இலையோடு மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். அவன் என் கையைப் பிடிக்கவில்லை. பின்னால் எழும்பி வந்தான். சோற்றைக் காகத்துக்கு வேலியோரம் வைத்துவிட்டு, குழம்பையும் மீனையும் கொதிக்கிற சட்டிக்குள் கொட்டினேன்.

"மாமி, அது அம்மா சாப்பிட்டது."

"ஓம்."

"அடுப்பில வைச்சிட்டியள்."

"உன்ர அம்மா சாப்பிட்டு முடிஞ்சுது, குணம். இது உனக்குச் சமைக்கிறன்."

அவன் குசினி வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றான். சட்டி கொதித்தது. முனாப் சொன்ன நேரத்துக்கு மேலாகவே விட்டேன். மீன் கரைந்து முள் மேலே மிதந்தது. இறால் சுருண்டு குரும்பட்டிபோல இறுகிவிட்டது. பிறகு, புதிதாக வடித்து வைத்திருந்த சோற்றைக் கோப்பையில் போட்டு, அதன்மேல் ஊற்றிக் கொடுத்தேன். எனக்கும் ஒரு கோப்பையில் போட்டுக்கொண்டேன். நிலத்தில் இருந்து இரண்டுபேரும் சாப்பிட்டோம். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. அவன் ஒரு பருக்கை மிச்சம் விடாமல் சாப்பிட்டான். கணவர் போன பிறகு எனக்குத் தொண்டை இறங்கிய முதல் சாப்பாடு அதுதான். அதைப் பற்றி எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. இறங்கியது, அவ்வளவுதான்.

காலையில் அவன் முகம் கழுவிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். கந்தளாய் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தேன். அதை அவன் தொடவில்லை.

"நீங்கள் செய்தது என்ன எண்டு எனக்கு விளங்குது, மாமி. ஆனால் அம்மாவின்ர இலையில நான் சாப்பிடயில்லை. இனி இந்த வீட்டில தண்ணியும் குடிக்கமாட்டன்."

"சரி," என்றேன்.

படலைவரை கூடவே போனேன். அவன் படலையைத் திறந்தான். வயிறு எப்படி இருக்கிறதென்று கேட்டேன்.

"ஒண்டும் செய்யயில்லை," என்றான்.