வாசலுக்கு எதிரே

எங்கள் ஊர்த் தெருவில் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் வந்துவிட்டால் ஒன்று பின்னால் போயாக வேண்டும். அப்படிப் பின்னால் போன மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்ளேயே பேப்பர் படித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தலையணை கொண்டுவரச் சொல்லி வீட்டுக்குப் போன் செய்தவரையும் பார்த்திருக்கிறேன். என் மாடி ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கிறது. அதற்கு நான் என்ன செய்ய? கண்ணை மூடிக்கொண்டா காய் நறுக்க முடியும்?

அதனால், ஊர்க் கமிட்டி கூடி வண்டி நிறுத்துவதற்கு விதி போடப்போகிறது என்று கேள்விப்பட்டதும் சந்தோஷப்பட்ட அசடுகளில் நானும் ஒருத்தி.

விதி வேண்டும் என்று போய்க் கேட்டது என் பக்கத்து வீட்டுத் தையல் அக்கா. அவள் வீட்டுக்காரர் கண்ணாடி வெட்டுகிறவர். ஜன்னல் மாட்டப்போன இடத்தில் ஏணியிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போய், அன்றிலிருந்து சக்கர நாற்காலியில் இருக்கிறார். ஒரு காலத்தில் தெருவே அதிரப் பேசிச் சிரித்த மனிதர், வாசல் சரிவு வரைக்கும் உருட்டிக்கொண்டு வந்து, தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேசாமல் உள்ளே திரும்பிப் போய்விடுவார். பார்க்கிறவர்களுக்குத்தான் சங்கடம்.

அப்படிப்பட்டவருக்கு இப்போது வேலை கிடைத்திருந்தது. படச்சட்டங்களுக்குக் கண்ணாடி வெட்டும் பட்டறை, உட்கார்ந்தபடியே செய்யலாம். பட்டறை வேன் வாசலுக்கே வரும், பின்கதவைத் திறந்து பலகையை இறக்கி, நாற்காலியோடு ஏற்றிக்கொண்டு போகும். அதற்கு வாசலுக்கு முன்னால் ஒரு வேன் நிற்கும் இடம் காலியாக இருக்க வேண்டும். அக்கா கேட்டது அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று எதையாவது முடித்துக்கொள்கிற கமிட்டியா எங்கள் கமிட்டி?

பள்ளிக்கூடத்தின் ஒன்றாம் வகுப்பு அறையில் கூட்டம். சின்னப் பெஞ்சுகளில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தோம். நாற்காலி கிடைத்தது தலைவருக்கு மட்டும். தலைவர் பெருமையெல்லாம் அவர் காரில் இருக்கிறது. முன்பக்கம் எங்கள் வீட்டைத் தாண்டிய பிறகும் பின்பக்கம் இன்னும் வந்துகொண்டே இருக்கும். தெருவில் அதற்குப் பேர் கப்பல்.

முதலில் வேகத்தைப் பேசினார்கள். நடந்து போகிறவரை வண்டி முந்தக் கூடாது என்றார் ஒருவர். "அப்ப ஓடுறவனை?" என்று கேட்டார் பேக்கரிக்காரர். அதற்கு அரை மணி நேரம் போயிற்று. அப்புறம் ஹாரன். அடிக்கவே கூடாது என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவரவர் நினைத்தது அடுத்தவர் ஹாரனை. தண்டனைக்கு வந்ததும்தான் கூட்டம் களைகட்டியது. மீறுகிற வண்டியின் நாலு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிடுவது என்று கைதட்டலோடு முடிவாயிற்று.

அக்கா எழுந்து, "நான் கேட்டது..." என்று ஆரம்பித்தாள்.

"அதுக்குத்தாம்மா வரோம்" என்றார் தலைவர்.

செயலாளர் எங்கள் பள்ளிக்கூட டீச்சர். ஒரு கால்புள்ளி இடம் மாறினாலும் அவருக்குத் தூக்கம் வராது. எழுதி, நிமிர்ந்து வாசித்தார்: "வீட்டு வாசல்கள் முன்பு வண்டி நிறுத்தக் கூடாது."

"முன்புன்னா எப்போ டீச்சர்?" என்றார் பேக்கரிக்காரர். "முன்பு நிறுத்தினா தப்பு, பின்பு நிறுத்தினா பரவாயில்லையா?"

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் முகம் சுருங்கிவிட்டது. "சரி, 'முன்னால்'னு போடறேன்."

"அது இன்னும் மோசம். 'முன்னாள் தலைவர்'னா பதவி போனவர்னு அர்த்தம்."

"அது வேற ளகரம்!"

"போர்டை யாரு டீச்சர் உங்களை மாதிரி நாக்கை மடிச்சுப் படிக்கப் போறாங்க?"

தலைவருக்கு 'முன்னாள்' என்ற சொல்லே ஆகாது. போன தேர்தலில் அவர் கரையேறியதே பெரிய பாடு. சட்டென்று கையைத் தூக்கினார். "அந்த வார்த்தையே வேண்டாம். 'எதிரே'ன்னு போடுங்க. கம்பீரமா இருக்கு."

அக்கா மட்டும், "எதிரேன்னா ரோட்டுக்கு அந்தப் பக்கம்னு ஆயிடாதா?" என்றாள்.

"உங்களுக்காகத்தான் இவ்வளவும் நடக்குது. கொஞ்சம் சும்மா இருங்கம்மா" என்று நாலு பக்கமிருந்தும் குரல் வந்தது. முழங்கால் வலி எல்லாருக்கும். எனக்கும்தான். கையைத் தூக்கிவிட்டு எழுந்து வந்துவிட்டோம்.

போர்டு வந்தது. மஞ்சள் தகரத்தில் கறுப்பு எழுத்து: 'வாசல்களுக்கு எதிரே வண்டி நிறுத்தக் கூடாது. மீறினால் காற்று பிடுங்கப்படும்.' தெருமுனையில் நட்டார்கள். தலைவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதன்முன் நின்று வெகுநேரம் படித்தார். பிறகு தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் இரண்டு பக்கமும் பார்த்தபடி நடந்தார். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது.

எதிரே என்றால் எதிர்ப்பக்கம் என்று முடிவு கட்டிவிட்டார் மனிதர். அவர் வீட்டு முன் கப்பலை நிறுத்தினால் அது டீச்சர் வாசலுக்கு எதிரே. டீச்சர் வீட்டு முன் நிறுத்தினால் தலைவர் வாசலுக்கே எதிரே. என் வீட்டு முன் நிறுத்தினால் பேக்கரி வாசலுக்கு எதிரே. எங்கே நின்றாலும் அந்தப் பக்கம் யாருடைய வாசலாவது முறைத்துக்கொண்டிருந்தது. தெரு முழுவதிலும் எதிரில் வாசல் இல்லாத இடம் ஒன்றே ஒன்று. பேக்கரியின் நீளமான பக்கச் சுவருக்கு எதிர்ப்பக்கம். அதாவது, தையல் அக்கா வீட்டு வாசல்.

சாயங்காலம் கப்பல் அங்கே வந்து நங்கூரம் பாய்ச்சியது.

அக்கா விரலில் ஊசியோடு ஓடிவந்தாள். "தலைவரே, இது என் வாசல்!"

"உன் வாசல்தாம்மா. உன் வாசலுக்கு எதிரே சுவரு. அங்க நான் நிறுத்தலையே? உன் வாசலை ஒட்டித்தானே நிறுத்தியிருக்கேன்?"

"இந்த விதியே நான் கேட்டு வந்தது!"

"அதனாலதான் சொல்றேன். நீ கேட்ட விதியை நானே மீறினா ஊரு என்னைப் பத்தி என்ன பேசும்?"

எனக்குத் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. டீச்சர் அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பக்கத்தைப் புரட்டி, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி புரட்டி, அழாத குறையாகச் சொன்னார்: "ரெண்டு அர்த்தமும் இருக்கு. ரெண்டும் சரி."

"பார்த்தீங்களா? எங்கிட்ட தப்பு இல்ல" என்றார் தலைவர். "மாத்தணும்னா அடுத்த மாசக் கூட்டத்துல பேசிக்கலாம். கமிட்டி போட்டதைக் கமிட்டிதான் மாத்தணும்."

வெள்ளிக்கிழமை ஒத்திகைக்காகப் பட்டறை வேன் வந்தது. வேலை தொடங்குவது திங்கட்கிழமை. கண்ணாடிக்காரர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு, வாசல் சரிவின் மேல் தயாராக இருந்தார். அவருக்கும் வேனுக்கும் நடுவில் கப்பல். வேன் டிரைவர் இறங்கி வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"தெருமுனை வரைக்கும் தள்ளிட்டு வரட்டுமா?" என்றாள் அக்கா.

"அந்த மேட்டுல பலகை உட்காராதும்மா. நாற்காலி சாஞ்சுதுன்னா யாரு பதில் சொல்றது? வாசல்ல ஏத்தினாத்தான் ஏத்துவேன். திங்கக்கிழமையும் இதே கதைன்னா ஆள் வரலைன்னுதான் சொல்லுவேன். அந்த வேலைக்கு இன்னும் ரெண்டு பேரு காத்துக்கிட்டு இருக்காங்க. எம்மேல வருத்தப்படாதீங்க."

கண்ணாடிக்காரர் தேய்த்த சட்டையோடு உள்ளே திரும்பிப் போனார்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் மெல்லிசு. நான் காதை வைத்தெல்லாம் கேட்கவில்லை. அது தானாகக் கேட்கும். "என்னங்க, நான் போய் அவரு கால்ல விழட்டுமா?" என்று அக்கா குரல். பிறகு அவர் குரல், சுவரைத் தட்டியபடி: "ஏம்மா, கேட்டுக்கிட்டுத்தானே இருக்கே? கப்பல் காலையில எப்போ கிளம்பும்?"

இப்படி என்னை நேரடியாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான். ஒளிப்பானேன், சொன்னேன். தலைவர் தினமும் ஏழு மணிக்குத் தன் மனைவியை நடைப்பயிற்சிக்குக் காரில் கொண்டுபோய் விடுவார். விடுகிற இடம் தெருவின் அந்த முனை. பேப்பர் வாங்கிக்கொண்டு, அந்த அம்மாளை ஏற்றிக்கொண்டு, எட்டு மணிக்குள் திரும்பிவிடுவார். வேன் வருவது எட்டுக்கு.

திங்கட்கிழமை காலை கப்பல் நகர்ந்ததுதான் தாமதம், கண்ணாடிக்காரர் சரிவில் சறுக்கிக்கொண்டு வந்து, அந்த இடத்தின் நட்ட நடுவில் நாற்காலியைத் திருப்பி நிறுத்தி, பிரேக்கை அழுத்தினார். மடியில் சாப்பாட்டு டப்பா. அக்கா வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன். மாடியிலிருந்து பேச்சு சரியாகக் கேட்காது.

தலைவர் திரும்பி வந்தார். ஹாரன் அடித்தார். விதியே அவர் போட்டது என்பது நினைவு வந்து கையை எடுத்தார். இறங்கினார்.

"என்னப்பா, வண்டி நிக்கிற இடத்துல நீ உட்கார்ந்திருக்கே?"

"நானும் வண்டியைத்தான் நிறுத்தியிருக்கேன் தலைவரே. எதிரே பாருங்க, சுவரு."

"இது ஒரு வண்டியா?"

"நாலு சக்கரம் இருக்கு. பிரேக்கும் இருக்கு. இது வண்டின்னா சட்டப்படி நிறுத்தியிருக்கேன். வண்டி இல்லைன்னா உங்க சட்டமே என்னைத் தொடாது. எது வேணுமோ எடுத்துக்குங்க."

தலைவரின் மனைவி காருக்குள்ளிருந்தே, "நாலு டயர்லயும் காத்தைப் பிடுங்கிவிடுங்களேன், அதுதானே விதி?" என்றார். யார் கட்சியில் நின்று சொன்னார் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

"பிடுங்குங்கம்மா" என்றார் கண்ணாடிக்காரர். "கெட்டி ரப்பர். காத்தே கிடையாது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தப் பழைய சிரிப்பு. ஏணியில் ஏறும் முன் கேட்டது. பேக்கரிக்காரர் மாவுக் கையோடு ஓடிவந்தார், என்ன விழுந்தது என்று பார்க்க.

அதற்குள் கப்பலுக்குப் பின்னால் வேன் வந்து நின்றுவிட்டது. தலைவர் பின்னால் போக முடியாது. வேன் டிரைவர் பின்னால் போகமாட்டார். பேப்பரைப் பிரிக்கிற நேரம் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் காருக்குள்ளிருந்து அந்த அம்மாள், "எனக்குக் காபி குடிக்கணும், முன்னால எடுங்க!" என்று கத்தியதில் கப்பல் நகர்ந்தது. ஊரைச் சுற்றிக்கொண்டு போயிற்று. வேன் பலகையை இறக்கியது. கண்ணாடிக்காரர் ஏறினார். அக்கா சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டாள். அது சரியாகத்தான் இருந்தது.

வேன் போன கையோடு கப்பல் தெருமுனையில் மறுபடி தலைகாட்டியது. சாயங்காலம் அவர் இறங்க வேண்டுமே! அக்கா யோசிக்கவே இல்லை. உள்ளே போனாள். காலால் மிதிக்கும் தையல் மெஷினைச் சக்கரப் பலகையோடு உருட்டிக்கொண்டு வந்து அந்த இடத்தில் போட்டு, முக்காலியை இழுத்து உட்கார்ந்து, எனக்குத் தைக்க வேண்டிய ரவிக்கையை எடுத்துவிட்டாள். மூன்று வாரமாக இதோ அதோ என்று இழுத்தடித்த ரவிக்கை.

"இதுக்கும் சக்கரம் இருக்கு தலைவரே" என்றாள், நிமிராமலே.

நாள் முழுக்க மெஷின் ஓடியது. சாயங்காலம் வேன் வந்ததும் மெஷினைத் தள்ளினாள். அவர் இறங்கினார். கட்டை விரலில் ஒரு துணிச் சுற்று.

"என்னங்க இது?"

"கண்ணாடி கீறிடுச்சு. கை மறந்துபோச்சு போல."

"நாளைக்கு?"

"நாளைக்கு ஞாபகம் வந்துடும்."

இதோடு தலைவர் விட்டிருந்தால் அவர் தலைவரே இல்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் 'எதிரே' என்பதை மாற்ற எல்லாரும் வாயைத் திறப்பதற்குள், அதைவிட அவசரம் ஒன்று இருக்கிறது என்று எழுந்துவிட்டார். எது வண்டி, எது வண்டியில்லை? நாற்காலியில் கை வைக்க அவருக்கே கூச்சம். மெஷினைப் பிடித்துக்கொண்டார். முழங்கால் வலித்தவர்கள் கையைத் தூக்கினார்கள். மஞ்சள் தகரத்தின் அடியில் இருந்த கொஞ்ச இடத்தில், நெருக்கி நெருக்கி, 'தையல் மெஷின் வண்டி ஆகாது' என்று எழுதியாயிற்று. எழுத்துப் பிழை இல்லை. டீச்சர் கூடவே நின்று பார்த்துக்கொண்டார்.

மறுநாள் காலை வேன் போனதும் அக்கா மெஷினை உருட்டிக்கொண்டு வந்து அதே இடத்தில் போட்டாள். கப்பல் வந்து நின்றது. தலைவர் இறங்கிப் போர்டைக் கை நீட்டிக் காட்டினார்.

"படிச்சேன் தலைவரே" என்றாள் அக்கா, ஊசியில் நூலைக் கோத்தபடி. "வண்டியைத்தானே நிறுத்தக் கூடாது? இதுதான் வண்டி இல்லைன்னு நீங்களே எழுதிட்டீங்களே."