சூடம் அணைத்த கை

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டிருந்தால் பரவாயில்லை. என் வாயால் கெட்டது மலையாண்டி அண்ணன்.

காரைக்குடியில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலை எனக்கு. பெயர் ஞானசேகர். சாயங்காலமானால் தொழிற்சங்கச் செயலாளர். பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மனு எழுதுவது, கூட்டத்துக்குப் பெஞ்சு தூக்குவது, கூட்டம் முடிந்ததும் அதே பெஞ்சைத் திருப்பிக் கொண்டுபோய்ப் போடுவது எல்லாம் செயலாளர்தான். அறுபத்தாறாம் வருஷம் எங்கள் சங்கம் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தைத் தமிழில் சின்னப் புத்தகமாகப் போட்டது. அதை ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கிக் கோத்தவன் நான். அதில் பதினேழாம் பிரிவு என்று ஒன்று உண்டு. வேலையில் அடிபட்டவன், 'எனக்கு நஷ்டஈடு வேண்டாம்' என்று தானே எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது என்கிறது. அதைக் கோத்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதலாளியிடமிருந்து ஏழையைக் காப்பாற்றச் சட்டம் போடுவார்கள், சரி. ஏழையை அவனுடைய பயத்திலிருந்தும் காப்பாற்ற வேண்டும் என்று எவனோ ஒரு புண்ணியவான் யோசித்திருக்கிறானே! அன்று முழுக்க எதிர்ப்பட்டவரிடமெல்லாம் அதைச் சொல்லித் திரிந்தேன்.

மலையாண்டி, அரியக்குடிச் சாலையில் உடையப்பன் என்பவரின் ரைஸ் மில்லில் மெஷின் பக்கம் நிற்பவர். அறுபத்தேழு தை மாதம். அறுவடை நெல் மில் வாசலில் குவிந்து கிடந்தது. ஓட்டத்தில் பெல்ட்டு நழுவியது. மெஷினை நிறுத்தினால் நேரமாகும், அப்படியே தள்ளிவிடு என்று மேஸ்திரி சொன்னான். தள்ளினார். வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது.

மூன்றாம் நாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தே மில் ஆட்கள் ஒரு தாளில் அவரிடம் ரேகை வாங்கிப் போனார்கள். 'என் கவனக்குறைவால் நேர்ந்தது, நஷ்டஈடு எதுவும் கேட்க மாட்டேன்' என்று அதில் எழுதியிருந்ததாம். நான் பார்க்கப் போனபோது, கை போனவரிடம் எப்படி ரேகை வாங்கினார்கள் என்று மடத்தனமாகக் கேட்டுவைத்தேன்.

"ஆம்பளைக்கு எடது பெருவெரல்தான தம்பி ரேகை. அதான் இருக்குல்ல," என்றார் மலையாண்டி.

எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு குதூகலமும் இருந்தது, பொய் சொல்லுவானேன். பதினேழாம் பிரிவுக்கு வேலை வந்துவிட்டது. கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி புஷ்பவள்ளியிடம், அந்தத் தாள் குப்பைக்குச் சமம் என்று சொன்னேன்.

"நெசமாவா தம்பி? இவுக ரேகை வச்சுட்டாகளே."

"பத்துத் தாளில் வச்சாலும் செல்லாதுக்கா."

மதுரையில் இருக்கும் நஷ்டஈட்டு அதிகாரிக்கு மனு எழுதினேன். அதே இடது பெருவிரலால் அதிலும் ரேகை வைத்தார். வருகிற பணத்தில் இரண்டு கறவை மாடு வாங்கிவிட்டால் ஒற்றைக் கையோடும் பிழைத்துக்கொள்ளலாம் என்பது புஷ்பவள்ளியின் கணக்கு. பால் கறக்க அவள் இருக்கிறாள், மேய்க்க இவர் இருக்கிறார், வீட்டுக்குப் பின்னால் கொட்டகைக்கு இடம் இருக்கிறது. பொன்னுத்தாயி என்று ஆறு வயதில் ஒரே பெண். அவள் மாட்டுக்குப் பெயர்கூட வைத்துவிட்டாள். அவர்களுக்கு இருந்த ஒரே வழி அந்த மனுதான்.

இந்த இடத்தில்தான் என் வாய் வருகிறது.

மாசியில் உடையப்பன் தன் மகள் கல்யாணப் பத்திரிகையின் புரூஃப் பார்க்க எங்கள் அச்சகத்துக்கு வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, யாரையும் கடிந்து பேசாத மனுஷர். பேசாமல் புரூஃபைக் கொடுத்து அனுப்பியிருக்க வேண்டும். முடிந்ததா?

"முதலாளி, மலையாண்டிகிட்ட வாங்குன தாளப் பத்திரமா வச்சிருக்கீகளா?" என்று கேட்டேன்.

"இருக்கே. என்னப்பா?"

"கல்யாணத்துல கடலை மடிச்சுக் குடுக்க ஆகும். அதுக்கு மேல அது எதுக்கும் ஆகாது."

அதோடு விட்டேனா? புத்தகத்தை எடுத்துப் பதினேழாம் பிரிவைக் கணீரென்று வாசித்தேன். மெஷின்காரர்கள் எல்லாரும் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். உடையப்பன் கோபப்படவே இல்லை. "எழுதிக் குடுத்தாலும் செல்லாதா? இன்னொரு தடவை படிங்க," என்றார். படித்தேன். "அவனா மனசொப்பிக் குடுத்தாலுமா?" என்றார். "மனசொப்பிக் குடுத்தாலும்!" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். போகும்போது இருபத்தைந்து பைசா கொடுத்து அந்தப் புத்தகத்தில் ஒரு பிரதி வாங்கிக்கொண்டு போனார். முதலாளியே நம் புத்தகத்தை வாங்குகிறார் என்று எனக்குப் பெருமை வேறு. தூ!

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் மலையாண்டியின் ஊருக்குப் போயிருக்கிறார். கருப்பர் கோயில் முன்னால் ஊரைக் கூட்டியிருக்கிறார். அந்தத் தாளை எல்லாரும் பார்க்க எடுத்து, நாலாகக் கிழித்துப் போட்டிருக்கிறார்.

"எனக்கும் மலையாண்டிக்கும் நடுவுல தாள் எதுக்குய்யா? தாள ஏமாத்தலாம். கருப்பர ஏமாத்த முடியுமா? அவன் பொண்டாட்டிக்கு நம்ம மில்லுக் களத்துல சாகுற மட்டும் வேலை உண்டு. அவன் கருப்பர் முன்னால ஒரு வார்த்தை சொல்லட்டும், போதும்," என்றாராம்.

ஊரே அசந்துபோய்விட்டது. முதலாளி தாளைக் கிழித்துவிட்டார், நம்மவன் வார்த்தையை நம்புகிறார்! அருவாள் மேல் சூடத்தை வைத்து முதலாளியே கொளுத்தியிருக்கிறார். மலையாண்டி ஒரு பக்கம் மகளை நிறுத்திக்கொண்டு, 'மில்லுல என் கை போச்சுன்னு எந்தக் கோர்ட்டு கச்சேரியிலயும் வாய் திறக்க மாட்டேன், திறந்தா என் புள்ள எனக்கில்ல' என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்திருக்கிறார். இருந்த ஒரே கையால்.

இதைப் புஷ்பவள்ளி வந்து சொன்னபோது நான் சிரித்தேன். நான் மாதா கோயிலுக்குப் போகிறவன். கருப்பருக்கும் மதுரை அதிகாரிக்கும் என்ன சம்பந்தம்? "தாளைக் கிழிச்சது நமக்குத்தாங்க்கா நல்லது. எதிராளி கையில ஒண்ணுமே இல்ல," என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஐந்து மாதம் கழித்துத்தான் அந்தப் பார்வைக்கு அர்த்தம் தெரிந்தது.

விசாரணைக்குச் சம்மன் வந்த பிறகு மலையாண்டி என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. உள்ளங்கையில் கொப்புளம் ஆறித் தோல் உரிந்திருந்தது. அந்தப் பாவத்தை என் தலையில் போடுங்கள் அண்ணே என்று கெஞ்சினேன்.

"ஒங்க தலையில மாத்திவிட அது என்ன நெல்லு மூட்டையா தம்பி? புள்ள தலையிலல்ல கெடக்கு."

எனக்கே கொஞ்சம் கிலி பிடித்தது. கோயில் பூசாரி சோணைமுத்துவிடம் போனேன். சட்டப் புத்தகம் படித்தவன், மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று, சத்தியத்தை எடுக்க வழி உண்டா என்று கேட்டேன்.

"ஏன் இல்லாம? சத்தியம் வாங்குனவுக வந்து நின்னு, 'நான் விட்டுட்டேன்'னு சொல்லி அவன் நெத்தியில துன்னூறு பூசணும். அப்பறம் அது எறங்கிரும்."

"வாங்கினவர் உடையப்பன்."

"அப்ப அவுககிட்டதான் போய்க் கேக்கணும்," என்றார் சோணைமுத்து, ஏதோ பக்கத்துக் கடையில் உப்பு கேட்டு வரச் சொல்வதுபோல. சட்டத்தில் மலையாண்டி தன் உரிமையை விடவே முடியாது, கருப்பர் முன்னால் விட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் மலையாண்டி அண்ணன் தன் வீட்டு வாசலில் பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆடி மாதம் மதுரைக்குப் பஸ் ஏறினோம். மலையாண்டி வருவார் என்று நான் நினைக்கவில்லை. சர்க்கார் கூப்பிட்டால் போகாமல் இருப்பது மரியாதை இல்லை என்று வந்தார். புஷ்பவள்ளி களத்தில் நெல் கிளறப் போயிருந்தாள். அவளுக்கு லீவு கொடுக்கவில்லை.

அதிகாரி நல்ல மனிதர். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குத் திட்டுவதற்கு ஓர் ஆளாவது கிடைத்திருக்கும். உடையப்பனின் வக்கீல் எழுந்து, அப்படி ஒரு விபத்து எங்கள் மில்லில் நடக்கவே இல்லை, இவர் எங்கே கையை இழந்தார் என்று எங்களுக்குத் தெரியாது என்றார். மில் ஆட்கள் இரண்டு பேர் வந்து, தெரியாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் 'மெஷின் காயம்' என்று இருந்தது; எந்த மெஷின் என்று இல்லை.

நான் எழுந்து, ரேகை வாங்கின கதையைச் சொல்லிப் பதினேழாம் பிரிவை எடுத்தேன். அதிகாரி கையமர்த்தினார்.

"அது எனக்குத் தெரியும், உட்காருங்க. இவர் நூறு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாலும் நான் ஏற்கப் போவதில்லை." பிறகு மலையாண்டியைப் பார்த்து, "பெரியவரே, நீங்க எதுக்கும் பயப்பட வேண்டாம். ஒரே ஒரு வார்த்தை. கை எங்கே போச்சு?" என்றார்.

மலையாண்டி பேசவில்லை.

"உடையப்பன் மில்லிலா?"

பேசவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. இடது கையை மூடி வைத்திருந்தார். மணிக்கட்டு இல்லாத வலது கை மேஜைக்கு மேலே எல்லார் கண்ணுக்கும் நேராக இருந்தது. அதுவே சொல்லுதே, கண் இல்லையா உங்களுக்கு என்று எனக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தவும் செய்தேன். அதிகாரி என்னை வெளியே அனுப்புவதாகச் சொல்லி உட்கார வைத்தார். மூன்றாம் தடவையும் கேட்டார். கிட்டத்தட்டக் கெஞ்சினார். பிறகு பேனாவை எடுத்தார். மனு தள்ளுபடி.

திரும்பும் வழியில் பஸ் திருப்பத்தூரில் நின்றது. அங்கே டீ குடிக்க இறங்கியபோது, "கோவிச்சுக்கிறாதீக தம்பி. களத்து வேலை இருக்குல்ல, அத வச்சு ஓட்டிருவோம்," என்று எனக்குத் தேறுதல் சொன்னார். எனக்கு!

அந்த வேலை அடுத்த தை வரைக்கும் இருந்தது. அறுவடை நெல் வந்து இறங்குகிற சமயத்தில், புது ஆட்களை வைத்தாகிவிட்டது, நீ வர வேண்டாம் என்று மேஸ்திரி புஷ்பவள்ளியை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டான். முதலாளியைப் பார்க்க நின்றாள். முதலாளி, மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாராம். நாலு நாள் நின்றாள். நாலு நாளும் அவர் ஊரிலேயே இல்லையாம்.

அவள் அச்சகத்துக்கு வந்தாள். அவளைப் பஸ்ஸில் அனுப்பிவிட்டு, நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். எனக்குள் மறுபடி அந்தப் பாழாய்ப்போன குதூகலம். வந்தது வழி! உடையப்பன் வார்த்தை தவறிவிட்டார். இனி மலையாண்டியின் சத்தியம் எங்கே நிற்கும்? அப்பீல் போடலாம், தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடலாம், மதுரை அதிகாரி நல்லவர். வழியெல்லாம் மனசுக்குள் மனுவின் வாசகத்தைக் கோத்துக்கொண்டே மிதித்தேன்.

மலையாண்டி வாசலில் குந்தி, ஒற்றைக் கையால் விறகுச் சுள்ளியை முழங்காலில் வைத்து ஒடித்துக்கொண்டிருந்தார். மாட்டுக் கொட்டகைக்குப் பார்த்த இடத்தில் பொன்னுத்தாயி பாண்டி விளையாடிக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்க அப்பீலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். நான் சத்தியத்துக்கு வருவதற்குள் புஷ்பவள்ளியே கேட்டுவிட்டாள்.

"சாகுற மட்டும் வேலைன்னு அந்த ஆளு கருப்பர் முன்னாலதான சொன்னாரு? ஊரே கேட்டுச்சே! அவரு சத்தியம் முறிஞ்சு போச்சுல்ல? கருப்பர் அவரக் கேக்க மாட்டாரா?"

மலையாண்டி சுள்ளியைக் கீழே வைத்தார். அவளைவிட, என்னைவிட, அவருக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது.

"அவரு எங்க சத்தியம் பண்ணாரு புள்ள? அவரு சொன்னாரு, அம்புட்டுதான். சூடத்த அணைச்சது நானுல்ல."

சொல்லிவிட்டு மறுபடி சுள்ளியை எடுத்தார். நான் சைக்கிளைத் திருப்பினேன்.