சுந்தர்சிங்குக்கு வைத்த தட்டு

பதினோராயிரத்து நானூற்று முப்பது ரூபாய். சங்கு வியாபாரி சுந்தர்சிங் எங்க அப்பா தொம்மைக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி இது. ஒரு சீசன் முழுக்க அப்பா கடலுக்கு அடியில் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்த சங்குக்கான பங்கு. 'கணக்குல கிடக்கட்டும் தொம்மை, மொத்தமா வாங்குனா ஒரு காரியத்துக்கு ஆகும்' என்று சொல்லிச் சொல்லியே அந்த ஆள் தன் கையில் வைத்துக்கொண்டார். மொத்தமாக வாங்குவதற்கு முன்னால், ஒருநாள் அப்பா ஆழத்தில் இருந்து அவசரமாக மேலே ஏறிவிட்டார். ரத்தத்தில் காற்று ஏறி ரெண்டு காலும் விளங்காமல் போயிற்று. பாயில் கிடந்து, அடுத்த மழைக்காலத்துக்குள் போய்ச் சேர்ந்தார்.

நான் எழுத்து படித்ததே நாற்பது வயசுக்கு மேலேதான். இந்தத் தொகை மட்டும் அதற்கு முன்னாலேயே மனப்பாடம். அம்மா ராத்திரி ஜெபத்தை முடித்துச் சிலுவை போட்டுக்கொண்டதும், ஜெபத்தின் கடைசி வரி மாதிரி அதையும் ஒருதரம் சொல்லிவிட்டுத்தான் படுப்பாள்.

அப்பாவுக்குக் கல்லறை கட்டக் காசில்லை. எங்கள் கல்லறைத் தோட்டத்தில், கட்டாமல் விட்ட குழியைச் சில வருஷம் கழித்து வேறு ஆளுக்குத் திறப்பார்கள். இடம் பத்தாது, யாரையும் குறை சொல்ல முடியாது. இப்போது அப்பா கிடந்த இடத்தில் வேறு யாரோ கிடக்கிறார்கள், மேலே பளிங்கு போட்டிருக்கிறது. நவம்பர் ரெண்டாம் தேதி, கல்லறைத் திருநாள் அன்றைக்கு, ஊரே அவரவர் கல்லறையைக் கழுவிப் பூப்போட்டு மெழுகுதிரி ஏற்றும். நாங்கள் மட்டும் தோட்டத்துக்கு நடுவில் நிற்கிற பெரிய சிலுவைக்குக் கீழே ஏற்றிவிட்டு வருவோம். குழி இல்லாதவர்கள் ஏற்றுகிற இடம் அது. அம்மா சாகிறவரைக்கும் அதைப் 'பிச்சைக்காரத் திரி' என்றுதான் சொன்னாள். அம்மாவின் குழியை நான் கடன் வாங்கிக் கட்டிவிட்டேன். அப்பாவுக்குத்தான் இந்த உலகத்தில் பேர் எழுதி ஒரு இடமும் இல்லை.

இதை எல்லாம் நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் நான் போன ஐப்பசியில் சுந்தர்சிங்கின் குடோனுக்குக் கல் சுமக்கப் போனேன்.

நான் உப்பு லாரிக்கு லோடு ஏற்றுகிறவன். மழை பிடித்தால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். அந்த நேரம் பார்த்துக் கூலிக்கு ஆள் பிடிக்கிறவன் வந்து, திரேஸ்புரம் பக்கம் கடலோரத்தில் சுந்தர்சிங் குடோன் முற்றத்துக்குக் கல் சுமக்கணும், நாளுக்கு எண்ணூறு, ரெண்டு நாள் வேலை என்றான். வீட்டில் என் பெண்சாதி ஞானசௌந்தரியிடம் சொன்னேன். "போங்க, போயி அந்தக் கல்ல அவன் வாரிசு தலையிலயே இறக்கிட்டு வாங்க" என்றாள். எண்ணூறு ரூபாய் எண்ணூறு ரூபாய்தான். போனேன்.

சுந்தர்சிங் செத்துப் பத்து வருஷம் ஆகிறது. குடோன் சும்மாதான் கிடக்கிறது. மகன் டிக்சன் அதை விற்கப் பார்க்கிறான். விற்பதற்கு அக்கா கையெழுத்து வேண்டும். அக்கா ஜெபசுதா இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸ் என்கிற நாட்டில் டீச்சராக இருக்கிறவர். அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லி, வெள்ளைக்கார சிநேகிதர், அவர் பெண்சாதி ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

செய்கிறது என்றால் நம்ம முறையில் இல்லை. அங்கே ட்ரூயிட் என்று ஒரு வழி இருக்கிறதாம். அவுக ஊருக்குக் கிறிஸ்தவம் வருகிறதுக்கு முந்தி இருந்த பூசாரிமார் பேர் அது. இப்போது இருக்கிறவர்கள் அந்தப் பேரை எடுத்துப் புதுசாக நடத்துகிறார்கள். மரம், கல், கடல், பருவம் இதை எல்லாம் மதிக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலே முன்னோர்களை மதிக்கிறது. அக்டோபர் கடைசி நாள், செத்தவர்களுக்கும் இருக்கிறவர்களுக்கும் நடுவில் உள்ள திரை மெலிசாகிவிடுமாம். அன்றைக்குக் கல்லை வட்டமாக வைத்து, அதற்குள் செத்தவர்களுக்கு மேசை போட்டு, சோறு வைத்துப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்களாம். எங்கள் திருநாளுக்கு ரெண்டே நாள் முந்தி.

டிக்சனின் மனைவி, இது பிசாசு காரியம் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு உபவாச ஜெபத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவள் வராததால்தான் இந்தக் கதையே நடந்தது.

கடலரிப்பைத் தடுக்கக் கொண்டு வந்து மிஞ்சிப்போன கருங்கல் கரையில் கிடந்தது. அதைத்தான் சுமந்து வட்டம் போட்டேன். ஜெபசுதா அம்மா கூடவே நின்று, எனக்குத் தண்ணி கொடுத்து, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். குற்றம் சொல்லக் கூடாது, மரியாதையாகத்தான் பேசினார். முன்னோர் மூணு வகையாம். ரத்த வழியில் வந்தவர்கள் ஒன்று, நாம் போகிற வழியை நமக்கு முன்னால் போனவர்கள் ஒன்று, நாம் நிற்கிற மண்ணில் உழைத்து மடிந்தவர்கள் ஒன்று. இந்தக் கடலில் சங்கும் முத்தும் குளித்தவர்கள் எல்லாம் தனக்கு மண்ணின் முன்னோர், அவர்களையும் நாளைக்குக் கூப்பிடுவேன் என்றார். எனக்கு உள்ளே பத்திக்கொண்டு வந்தது. முன்னோர் என்று சொல்லிவிட்டால் பாக்கி கொடுக்க வேண்டாம் போல என்று நினைத்துக்கொண்டு, அடுத்த கல்லைத் தூக்கினேன்.

மறுநாள் சாயங்காலம். வட்டத்துக்கு நடுவில் மேசை. அதற்குப் பின்னால் சுந்தர்சிங் உட்காருகிற பழைய சாய்வு நாற்காலி, அதன் மேல் அவர் படம். படத்துக்கு முன்னால் தட்டு. தட்டில் சோறு, சீலாமீன் வறுவல், ஒரு ஓரமாக இனிப்புக்கு நாலு மக்ரூன். என் அப்பாவுக்குக் கடைசி நாளில் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை, அவருக்குக் கடன்காரனாகச் செத்த ஆளுக்கு மக்ரூன்.

டிக்சன் படத்தைத் துடைத்துக்கொண்டே வெள்ளைக்காரரிடம் இங்கிலீஷிலும், அது புரியாத எனக்காகத் தமிழிலும் சொன்னான். "எங்கப்பா ஒருத்தனுக்கு ஒரு ரூவா பாக்கி வைக்காத மனுசன்."

கூலி வாங்கிக்கொண்டு போவோம் என்றுதான் அப்போதும் இருந்தேன்.

ஜெபசுதா அம்மா எல்லாருக்கும் ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தார். அவரவர் முன்னோர் பேரை எழுதி மேசையில் வைக்க வேண்டும். எனக்கும் ஒன்று கொடுத்தார். டிக்சன் என்னைவிட ஏழெட்டு வயசு இளையவன். "ஏலே, எழுத வருமா ஒனக்கு?" என்று சிரித்தான். வரும் என்றேன். 'தொம்மை' என்று எழுதினேன். எழுத்து கொஞ்சம் கோணிப்போயிற்று. கொண்டு போய் மேசை ஓரத்தில் வைத்தேன்.

அக்கா அந்தப் பக்கம் தீ மூட்டப் போன நேரம், டிக்சன் அதை விரல் நுனியில் எடுத்தான். குடும்பத்துப் பேர் மட்டும்தான் மேசையில் இருக்கணும் என்று சொல்லி, காற்றில் பறக்காமல் இருக்க அதைத் தரையில் வைத்து, நான் சுமந்து வந்த கல் ஒன்றுக்கு அடியில் தள்ளினான்.

என் அப்பாவுக்குக் கிடைத்த கல்லறை அது. சுந்தர்சிங் மகன் கட்டிக் கொடுத்தது.

காரியம் தொடங்கியது. அவுக முறையில் முதலில் நாலு திசைக்கும் அமைதி கேட்க வேண்டும். திசைக்கு ஒரு ஆள் நிற்க வேண்டும். வடக்கே வெள்ளைக்காரர், தெற்கே அவர் பெண்சாதி, மேற்கே டிக்சன். கிழக்கே, கடலைப் பார்க்க, டிக்சனின் மனைவி நிற்க வேண்டிய இடம். அவள் இல்லாததால் என்னை நிறுத்தினார்கள். எப்படிச் சொல்ல வேண்டும் என்று அந்தம்மா முன்னாடியே சொல்லித் தந்திருந்தார். உங்கள் பக்கம் அமைதி இருக்கிறதா என்று கேட்பேன், இருக்கு என்று சொல்லணும். மனசறிய இல்லை என்றால் இல்லை என்றே சொல்லணும், அப்படிச் சொன்னால் மேற்கொண்டு நடத்தக் கூடாது, செத்தவர்களைக் கூப்பிடவும் கூடாது. ஆனால் இத்தனை வருஷத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை என்று சிரித்தார்.

முதலில் அவுக பாஷையில் கேட்டார், பிறகு தமிழில் கேட்டார். வடக்கே இருந்தது. தெற்கே இருந்தது. மேற்கே டிக்சன் போனைப் பார்த்துக்கொண்டே இருக்கு என்றான். அந்தம்மா என் பக்கம் திரும்பினார்.

"கிழக்கே அமைதி இருக்கிறதா?"

"இல்ல."

வெள்ளைக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் முகம் மாறியது. டிக்சன்தான் முதலில் பேசினான்.

"ஏலே, இருக்குன்னு சொல்லணும். சொல்லிக் குடுத்தாகல்லா?"

"இல்லன்னா இல்லன்னு சொல்லணும்னும் சொல்லிக் குடுத்தாக."

ஜெபசுதா அம்மா என்னவென்று கேட்டார். நான் அப்பா பேரைச் சொன்னேன். தொகையைச் சொன்னேன். கணக்கில் கிடக்கட்டும் என்றது, அப்பா கால் போனது, அம்மா இதே முற்றத்துக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தது, குழியை வேறு ஆளுக்குத் திறந்தது, பிச்சைக்காரத் திரி, எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே நின்று சொன்னேன். கல்லுக்கு அடியில் கிடக்கிற காகிதத்தையும் கை காட்டினேன்.

டிக்சனுக்கு மூக்கு விடைத்தது. இடம் விற்கப் போகிறது தெரிந்துதான் வந்திருக்கான், இப்படி ஒவ்வொருத்தனாக் கிளம்பி வந்தால் என்ன ஆகிறது என்று அக்காவிடம் கத்தினான். பிறகு என்னிடம் திரும்பி, "ஆதாரம் என்னலே இருக்கு?" என்றான்.

"ஒண்ணும் இல்ல. எங்கப்பா கைநாட்டு, எங்கம்மா கைநாட்டு. எழுதத் தெரிஞ்சவுக எல்லாம் உங்க வீட்டுலதான் இருந்தாக."

அந்தம்மா குடோன் வாசலில் நிற்கிற வாதாமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கை காட்டிச் சொன்னார்.

"வெள்ளைச் சீலை கட்டி ஒரு அம்மா வருவாங்க. அந்த மரத்தடியில உக்காந்திருப்பாங்க. நான் அப்போ காலேஜ் சேர்ந்த புதுசு. அப்பா சங்கு விக்கக் கல்கத்தா போயிருக்காங்கன்னு நான்தான் போய்ச் சொல்லுவேன்." குடோன் கதவுப் பக்கம் திரும்பினார். "அப்பா உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருப்பாங்க."

அக்கா, நீ சும்மா இரு என்றான் டிக்சன். அவர் இருக்கவில்லை.

எனக்கு இளகியதா என்றால், இல்லை. இன்னும் கூடத்தான் கோபம் வந்தது. அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை, குடிக்கத் தண்ணி கொண்டாந்து தந்துச்சு என்று அம்மா வந்து சொல்லுவாள். கல்கத்தாவை நம்பித்தான் அவள் ஒவ்வொரு தரமும் திரும்பி வந்தாள். அதையும் சொன்னேன். அந்தம்மா அழவில்லை, மன்னிப்பு என்று என்னிடம் எதுவும் கேட்கவும் இல்லை. நேராக மேசைக்குப் போய், நாற்காலிக்கு எதிரே நின்று, படத்திடம் பேசினார்.

"அப்பா, தொம்மைக்கு நீங்க பதினோராயிரத்து நானூத்தி முப்பது ரூபா குடுக்கணும். குடுக்காம போயிட்டீங்க. பொய் சொல்ல என்னை அனுப்புனீங்க. இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் உங்களைக் கூப்பிடப் போறேன். முதல்ல அதைக் குடுங்க."

பிறகு தம்பியைப் பார்த்து, பணத்தை அப்பா தட்டில் வை என்றார். டிக்சன் பல்லைக் கடித்தான். சரி தொலையட்டும், நம்பரைச் சொல்லச் சொல்லு, ஜிபே பண்ணிவிடுகிறேன் என்றான். செத்தவர் தட்டில் ஜிபே வைக்க முடியாது என்று நான் சொன்னேன். அந்தம்மா, நீ வைக்கிறாயா, இல்லை நான் கையெழுத்துப் போடாமல் பிளேன் ஏறட்டுமா என்றார். அவன் காருக்குப் போய்ப் பையை எடுத்து வந்து, பதினோராயிரத்து ஐநூறு ரூபாயை மக்ரூனுக்குப் பக்கத்தில் எறிகிற மாதிரி வைத்தான்.

நான் கிழக்கில் இருந்து நடந்து போனேன். சுந்தர்சிங் படத்தின் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டே, அவர் தட்டில் இருந்து அந்தப் பணத்தை எடுத்தேன். மிச்சம் எழுபது ரூபாயை என் சட்டைப் பையில் இருந்து எண்ணி அதே தட்டில் வைத்தேன். ஒரு ரூபாய் கூடுதலாக அந்த ஆளிடம் எனக்கு வேண்டாம்.

வட்டி எவ்வளவு என்று அந்தம்மா கேட்டார். கேட்டது மனசாரத்தான்.

"வட்டிய உங்கப்பாட்ட நானே நேர்ல போயி வாங்கிக்கிடுதேன். அதுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்" என்றேன்.

கல்லைப் புரட்டிக் காகிதத்தை எடுத்து மண்ணைத் தட்டினேன். கொடுங்கள், மேசையில் நானே வைக்கிறேன் என்று அந்தம்மா கையை நீட்டினார். வேண்டாம் என்றேன். அந்த ஆளோடு ஒரே மேசையில் உட்கார எங்க அப்பாவுக்கு மனசு வராது. காகிதத்தைப் பணத்துக்குள் வைத்து மடித்தேன். நாளைக்குக் காலையில் கல்லு வெட்டுகிற ஆளிடம் ரெண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அம்மா கல்லறையில் அவள் பேருக்கு மேலே, இந்தக் காசு வரட்டும் என்று விட்டுவைத்த இடம் இருக்கிறது. தொம்மை என்று வெட்டி, அதற்குக் கீழே சங்கு குளித்தவர் என்றும் வெட்டச் சொல்ல வேண்டும். திருநாளுக்கு நடுச் சிலுவைக்குப் போக வேண்டியதில்லை.

"போதுமாலே?" என்றான் டிக்சன்.

"எங்கப்பாவுக்குப் போதும் தம்பி. கல்லு சுமந்த கூலி ரெண்டு நாளைக்கு எனக்குத் தனி. அத ஜிபே பண்ணலாம்."

வெள்ளைக்காரரின் பெண்சாதி என்ன நடந்தது என்று கேட்க, அந்தம்மா ரெண்டு வார்த்தையில் சொன்னார். அந்தப் பெண் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். நான் கிழக்கே என் இடத்தில் போய் நின்றேன். அந்தம்மா மறுபடியும் வடக்கில் இருந்து தொடங்கினார். நாலாவதாக என் பக்கம் திரும்பினார். இந்தத் தரம் கேட்கிறபோது குரல் கொஞ்சம் பயந்த மாதிரி இருந்தது.

"இருக்கு" என்றேன்.